மாமியாரின் சம்பளமும் கணக்கில் சேரும்: அமெரிக்கத் துணைவர் விசாவும் வருமான நிபந்தனையும்

கேள்வி: மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் ஒரு கிளினிக்கில் வேலை செய்கிறேன். வயது 29. என் கணவர் அமெரிக்கக் குடிமகன். டெக்சஸில் ஒரு கிடங்கில் மணிக்கு 13 டாலர் சம்பளத்தில், வாரம் 40 மணி நேரம் வேலை செய்கிறார். 2021-இல் அவர் ஸ்பான்சர் செய்து பச்சை அட்டை (நிரந்தரவாச உரிமை) பெற்ற என் மாமியாரும் அதே வீட்டில்தான் இருக்கிறார். பகுதிநேர வேலையில் ஆண்டுக்கு 9,000 டாலர் வாங்குகிறார். எங்கள் இருவருக்கும் கணவரின் சம்பளமே போதும் என்று நினைத்திருந்தோம். ஆனால் வருமானம் போதவில்லை, இணை ஸ்பான்சர் தேவைப்படலாம் என்று அமெரிக்காவின் தேசிய விசா மையத்திலிருந்து கடிதம் வந்துவிட்டது. அப்பாவின் பெயரில் வீட்டுக் கெரான் (உரிமைப் பத்திரம்) இருக்கிறது. என் இ.பி.எஃப் (ஊழியர் சேமநிதி) கணக்கில் ஏறக்குறைய 60,000 வெள்ளி (ரிங்கிட்) இருக்கிறது. நியூஜெர்சியில் பெரியம்மா மகன் பச்சை அட்டையுடன் குடும்பமாக இருக்கிறார். இவர்களில் யார் கையெழுத்துப் போடலாம்?

பதில்: அன்புச் சகோதரிக்கு, யாரிடம் கையெழுத்து வாங்குவது என்று தேடுவதற்கு முன், உங்கள் கணவரின் வீட்டில் எத்தனை தலை என்று எண்ணிப் பாருங்கள். கடிதம் வந்ததற்கான காரணமும் அதற்கான வழியும் அந்த எண்ணிக்கையிலேயே இருக்கின்றன.

உங்கள் கணவர் நிரப்பிய ஐ-864 என்ற ஆதரவு உறுதிமொழிப் படிவம், அமெரிக்க அரசு ஆண்டுதோறும் வெளியிடும் வறுமைக்கோட்டுத் தொகையில் 125 விழுக்காட்டுக்குக் குறையாத வருமானத்தைக் கேட்கிறது. 2025-ஆம் ஆண்டு அட்டவணைப்படி, அலாஸ்கா, ஹவாய் நீங்கலான மாநிலங்களில், இரண்டு பேர் உள்ள வீட்டுக்கு அந்தத் தொகை 26,437 டாலர். மூன்று பேருக்கு 33,312 டாலர். மணிக்கு 13 டாலர் என்றால் ஆண்டுக்கு 27,040 டாலர் வருகிறது. நீங்கள் இருவர் மட்டும் என்றால் கோட்டைத் தாண்டிவிடுகிறீர்கள். ஆனால் படிவம் கேட்பது கணவன், மனைவி என்ற எண்ணிக்கையை மட்டும் அல்ல; ஸ்பான்சர் செய்பவர், அவருடைய மனைவி, திருமணமாகாத 21 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள், வரிக் கணக்கில் அவரைச் சார்ந்தவர்களாகக் காட்டப்பட்டவர்கள், இதற்கு முன் இதே படிவத்தில் அவர் ஸ்பான்சர் செய்து அந்தப் பொறுப்பு இன்னும் முடியாதவர்கள் என எல்லோரையும் சேர்த்துத்தான் வீட்டின் அளவு கணக்கிடப்படுகிறது. 2021-இல் உங்கள் மாமியாருக்காக அவர் போட்ட கையெழுத்து இன்னும் உயிரோடு இருக்கிறது. ஆகவே நீங்கள் மூன்று பேர், தேவை 33,312, பற்றாக்குறை 6,272 டாலர்.

எண்ணிக்கையைக் கூட்டிய மாமியாராலேயே வருமானத்தையும் கூட்ட முடியும் என்பதைப் பலரும் கவனிப்பதில்லை. ஸ்பான்சரின் தாய், தந்தை, உடன்பிறந்தவர், வயது வந்த பிள்ளை ஆகியோரில் ஒருவர் அவருடன் ஒரே வீட்டில் வசித்தால், ஐ-864ஏ என்ற துணைப் படிவத்தில் கையெழுத்திட்டுத் தம்முடைய வருமானத்தை ஸ்பான்சரின் வருமானத்தோடு சேர்க்கலாம். 27,040-உடன் 9,000 சேர்ந்தால் 36,040 டாலர். தேவையைவிட இரண்டாயிரத்து எழுநூறு டாலருக்கு மேல் மிச்சம். உங்கள் வழக்கில் வெளியாள் ஒருவரின் கையெழுத்தே தேவைப்படாமல் போகலாம்.

இதற்கு மாமியார் தர வேண்டிய ஆதாரங்களில்தான் கவனம் வேண்டும். அதே முகவரியில் வசிப்பதைக் காட்ட, அவர் பெயர் உள்ள வாடகை ஒப்பந்தமோ வங்கிக் கடிதமோ வேண்டும். உறவைக் காட்ட உங்கள் கணவரின் பிறப்புப் பத்திரம் போதும். வருமானத்துக்கு, முதலாளி தரும் ஆண்டுச் சம்பளச் சான்றான டபிள்யூ-2 படிவமும் அண்மைய சம்பளச் சீட்டுகளும் வேண்டும்; அவற்றோடு, வேலை தொடர்கிறது என்பதை முதலாளி எழுதித் தரும் கடிதத்தையும் வாங்கிவிடச் சொல்லுங்கள், ஏனென்றால் பகுதிநேர வேலை என்றால் அது நிலைக்குமா என்ற கேள்வி அதிகாரிக்கு எழுவது இயல்பு. வருமானம் குறைவு என்பதால் அவர் வருமான வரிக் கணக்கே தாக்கல் செய்யாமல் இருந்திருந்தால், சட்டப்படி தாக்கல் செய்யத் தேவை இருக்கவில்லை என்று ஒரு விளக்கக் கடிதம் எழுதி இணைக்க வேண்டும். கணவர் தமக்கு அண்மைய ஆண்டின் வரிப் பதிவை அமெரிக்க வருவாய்த் துறையிலிருந்து எடுத்து வைக்கட்டும். ஆனாலும் தீர்மானிக்கும் எண், அவர் இப்போது வாங்கும் ஆண்டு வருமானம்தான். சென்ற ஆண்டின் கணக்கு அதற்குத் துணைச் சான்று.

இனி உங்கள் தந்தையார். பிஸ்கட் டின்னுக்குள் நெகிழிப் பையில் சுற்றி வைத்த கெரானை எடுத்து, மேசைமேல் இரண்டு கையாலும் நீவி விரித்து, “இதை வச்சு எம்மவள அனுப்ப முடியுமா?” என்று கேட்ட ஒரு தகப்பனார் என் முன்னால் உட்கார்ந்திருக்கிறார். முப்பது ஆண்டுகள் பால்மரம் சீவியவர். லயத்து வீடு தோட்ட நிருவாகத்துக்குச் சொந்தம், ஓய்வு பெற்றால் காலி செய்ய வேண்டும் என்பதால், வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி டவுனில் வாங்கிய வீடு அது. அவருக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன். இணை ஸ்பான்சராகக் கையெழுத்திடுபவர் அமெரிக்கக் குடிமகனாகவோ பச்சை அட்டைக்காரராகவோ இருக்க வேண்டும். 18 வயது நிரம்பியவராக, அமெரிக்காவையே வசிப்பிடமாகக் கொண்டவராக இருக்க வேண்டும். மலேசியாவில் எவ்வளவு சொத்து இருந்தாலும் உங்கள் தந்தையாரால் அந்த இடத்தில் கையெழுத்திட முடியாது.

அப்படியானால் வீட்டை உங்கள் பெயருக்கு மாற்றிக் காட்டலாமே என்று யாராவது யோசனை சொல்வார்கள். விசா பெறுபவரின் சொத்தையும் கணக்கில் காட்ட விதி இடம் தருகிறது என்பதும், பெற்றோர் பிள்ளைக்கு அன்பின் பேரில் எழுதிக்கொடுக்கும் சொத்துக்கு 2023 ஏப்ரலிலிருந்து முதல் பத்து லட்சம் வெள்ளி வரை முத்திரை வரி விலக்கு உண்டு என்பதும் உண்மை. இருந்தும் நான் இதை வேண்டாம் என்றே சொல்வேன். காட்டப்படும் சொத்து, பெரிய பாதிப்பு இல்லாமல் ஓராண்டுக்குள் காசாக்கி அமெரிக்காவுக்குக் கொண்டுபோகக் கூடியதாக இருக்க வேண்டும். அப்பா, அம்மா குடியிருக்கும் ஒரே வீட்டை அப்படிப்பட்ட சொத்து என்று நீங்கள் மனமறிந்து எழுத முடியுமா? ஒரு விசாவுக்காக அவர்கள் தலைக்கு மேலிருக்கும் கூரையைப் பெயர் மாற்றாதீர்கள்.

இ.பி.எஃப் விஷயமும் இதே அளவுகோலில்தான் வருகிறது. அமெரிக்கக் குடிமகனின் மனைவி என்பதால் பற்றாக்குறையைப் போல் மூன்று மடங்கு சொத்து காட்டினால் போதும். மற்றப் பெரும்பாலான உறவுகளுக்கு ஐந்து மடங்கு. 6,272-க்கு மூன்று மடங்கு 18,816 டாலர். டாலருக்கு 4 வெள்ளி என்று வைத்துக்கொண்டால் 75,264 வெள்ளி. உங்கள் 60,000 அதற்கே எட்டவில்லை. எட்டியிருந்தாலும், 2024 மே 11 முதல் சேமநிதி மூன்று கணக்குகளாகப் பிரிக்கப்பட்டிருப்பதை நினைவில் கொள்ளுங்கள். நினைத்தபோது எடுக்கக்கூடியது அக்காவுன் ஃப்ளெக்சிபல் மட்டும்; புதிய சந்தாவில் 10 விழுக்காடுதான் அதற்குப் போகிறது. 75 விழுக்காடு போகும் ஓய்வுக்காலக் கணக்கை 29 வயதில் ஓராண்டுக்குள் காசாக்க வழியில்லை. உங்கள் கிளினிக் சம்பளமும் சேராது. நீங்கள் குடியேறிய பிறகும் அதே இடத்திலிருந்து தொடரும் வருமானத்தைத்தான் சேர்க்க விடுவார்கள்.

மிச்சம் இருப்பவர் பெரியம்மா மகன். அவரால் முடியும், ஆனால் இங்கே ஒரு தவறான நம்பிக்கையைக் களைய வேண்டும். உங்கள் கணவரின் 27,040 ஒரு பக்கம், அண்ணனின் சம்பளம் ஒரு பக்கம் என்று இரண்டையும் கூட்ட மாட்டார்கள். இணை ஸ்பான்சர் தம்முடைய வீட்டாரோடு உங்களையும் சேர்த்து எண்ணி, அந்த எண்ணிக்கைக்கான முழுத் தொகையையும் தம் வருமானத்திலேயே காட்ட வேண்டும். அவர், மனைவி, இரண்டு பிள்ளைகள், அவர்களோடு நீங்கள் என்றால் ஐந்து பேர், 47,062 டாலர். அவர் கையெழுத்திட்டாலும் உங்கள் கணவர் தம்முடைய ஐ-864-ஐத் தாக்கல் செய்தே தீர வேண்டும்.

அண்ணனிடம் கேட்பதாக இருந்தால், முழுவதையும் சொல்லிக் கேளுங்கள். நம் பக்கத்தில் மோட்டார் சைக்கிள் கடனுக்கு ஜாமீன் போடுவதுபோல, “சும்மா ஒரு கையெழுத்துதாண்ணே” என்று இதைக் கேட்பதைப் பார்க்கும்போது எனக்கு மனம் பதறுகிறது. இது நீதிமன்றத்தில் செல்லுபடியாகும் ஒப்பந்தம். நீங்கள் அமெரிக்கக் குடியுரிமை பெறும் வரை, அல்லது உங்கள் கணக்கில் 40 காலாண்டு வேலை, அதாவது சுமார் பத்து ஆண்டு, சேரும் வரை அது அவரைக் கட்டும்; பொதுவாக மரணமோ, பச்சை அட்டையை விட்டுவிட்டு நாட்டைவிட்டு வெளியேறுவதோதான் அதற்கு முன் அதை முடிக்கும். மணமுறிவு அதை முடிக்காது. நீங்கள் வருமானம் பார்த்து வழங்கப்படும் சில அரசு உதவிகளைப் பெற்றால், அந்தத் தொகையை அவரிடம் கேட்டு வழக்குப் போட முடியும். அவர் வீடு மாறினால் 30 நாளுக்குள் குடிநுழைவுச் சேவைக்கு அறிவிக்க வேண்டும். நாளை அவர் தம் மாமனார், மாமியாருக்கு இதே படிவத்தை நிரப்பும்போது, இன்று உங்கள் கணவருக்கு நேர்ந்ததுபோல, உங்கள் பெயரும் அவர் வீட்டு எண்ணிக்கையில் ஏறி நிற்கும். இவ்வளவையும் கேட்டபின் அவர் தயங்கினால் அதைப் பாசக்குறைவு என்று எண்ணிவிடாதீர்கள்.

லண்டனில் இருக்கும் உறவினர்கள் சொல்வதை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். பிரிட்டனில் துணைவர் விசாவுக்கு 2024 ஏப்ரல் 11 முதல் ஆண்டுக்கு 29,000 பவுண்டு கேட்கிறார்கள். அங்கே மூன்றாமவர் இணை ஸ்பான்சராகக் கையெழுத்திடும் ஏற்பாடு கிடையாது.

இப்போது செய்ய வேண்டியது இது. உங்கள் கணவர் தம் ஐ-864-இல் வீட்டின் அளவை மூன்று என்று திருத்தி, தாயாரின் வருமானத்தை அதற்கான கட்டத்தில் எழுதி, தாயும் மகனும் கையெழுத்திட்ட ஐ-864ஏ-யை ஆதாரங்களோடு விசா மையத்தின் இணையக் கணக்கில் பதிவேற்றட்டும். சத்தியப் பிரமாண ஆணையரின் முத்திரை இந்தப் படிவங்களுக்குத் தேவையில்லை. அதற்காக ஈப்போவரை போய்க் காசு கொடுக்காதீர்கள். படிவங்களும் இலவசமே, 120 டாலர் பரிசீலனைக் கட்டணத்தை முன்பே கட்டியிருப்பீர்கள், அதை மறுபடியும் கட்ட வேண்டியதில்லை. தொகை அட்டவணை ஆண்டின் தொடக்கத்தில் மாறும் என்பதால், பதிவேற்றும் நாளில் நடப்பில் உள்ள ஐ-864பி அட்டவணையை ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள். கோலாலம்பூரில் நேர்காணலுக்குப் போகும்போது மாமியாரின் புதிய சம்பளச் சீட்டுகளையும் கையில் வைத்திருங்கள். அண்ணனிடம் பேசுவதை, இதற்குப் பதில் வந்த பிறகு வைத்துக்கொள்ளலாம்.