அட்வான்ஸைப் பார்த்து ஆள் பிடிக்காதீர்கள்

கேள்வி: பாளையங்கோட்டை பெருமாள்புரத்தில் இருக்கிறேன். வயது 43. தனியார் நிறுவனத்தில் கணக்கு எழுதுகிறேன், கைக்கு வரும் சம்பளம் 42,000 ரூபாய். வங்கியில் 18 லட்சம் கடன் வாங்கி, அப்பா கட்டிய வீட்டுக்கு மேலே இரண்டு போர்ஷன் எடுத்தேன். 15 வருஷக் கடன், மாதத் தவணை 18,250. ஒவ்வொரு போர்ஷனுக்கும் 9,000 வாடகை வந்தால் கடன் தன்னால் அடைந்துவிடும் என்று நினைத்தேன்.

முதல் போர்ஷனுக்கு என் மச்சினன் ஓர் ஆளைக் கூட்டி வந்தான். "நம்ம ஆளுதான் அத்தான், எழுத்தெல்லாம் எதுக்கு" என்றான். அவர் 90,000 அட்வான்ஸ் கொடுத்தார். அதில் 50,000-ஐ மச்சினன் கார் வாங்க முன்பணத்துக்குக் கேட்டான், கொடுத்துவிட்டேன். மீதி கடன் தவணைக்குப் போய்விட்டது. இப்போது 5 மாதமாக அவர் வாடகை தரவில்லை. கேட்டால் "அட்வான்ஸில் கழித்துக்கொள்ளுங்கள்" என்கிறார். தண்ணீரை நிறுத்தினால் காலி செய்வாரா?

இரண்டாவது போர்ஷன் 2 மாதமாகக் காலி. ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கும் ஒரு நர்ஸ் குடும்பத்தோடு வந்து பார்த்தார். வாடகை 8,500, அட்வான்ஸ் 30,000தான் முடியும் என்றார்கள். அட்வான்ஸ் போதாது என்று விட்டுவிட்டேன். இப்போது இன்னொருவர் 6 லட்சத்துக்கு ஒத்திக்குக் கேட்கிறார், மூன்று வருஷத்துக்கு. அந்தப் பணத்தை மியூச்சுவல் ஃபண்டில் போட்டு, எஸ்.டபிள்யூ.பி. என்று மாதாமாதம் ஒரு தொகை எடுக்கிற முறையில் வைத்தால் மாதம் 6,000 வரும் என்கிறான் மச்சினன். என்ன செய்யலாம்? நல்ல வாடகைதாரரை எப்படித் தேர்ந்தெடுப்பது? வாடகைக்கு வருமான வரி உண்டா?

(பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர்)

பதில்: முதல் வேலையாக ஒத்திக்குக் கேட்டவரிடம் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

மாதம் 9,000 வாடகை என்றால் வருஷத்துக்கு 1,08,000. ஒத்திக்கு விட்டால் அந்த வாடகை கிடையாது. 6 லட்சத்துக்கு வருஷம் 1,08,000 என்பது 18 சதவீத வட்டி. வங்கி உங்களுக்கு ஏறக்குறைய 9 சதவீதத்தில் கடன் தந்திருக்கிறது. அதைச் சமாளிக்க அதைப்போல இரண்டு மடங்கு வட்டிக்கு இன்னொரு கடன் வாங்கப் போகிறீர்கள். வட்டியைப் பணமாகக் கொடுக்காமல் வீடாகக் கொடுப்பதால் அது கண்ணில் படுவதில்லை. இதோடு, வீட்டுப் பத்திரம் வங்கியில் இருக்கிறது. ஒத்திப் பத்திரத்தைப் பதிவு செய்ய வேண்டும், அதற்கு வங்கியின் சம்மதமும் வேண்டும். வங்கிக்குத் தெரியாமல் வெள்ளைத்தாளில் எழுதிக் கொடுத்து மாட்டிக்கொண்டவர்கள் நம் பக்கத்தில் நிறைய.

எஸ்.டபிள்யூ.பி. பற்றி இந்த ஒரு வருஷமாக வருகிற கடிதங்களைப் பார்த்தால் எனக்குக் கவலையாக இருக்கிறது. அது வட்டி தருகிற திட்டம் இல்லை. உங்கள் யூனிட்டுகளையே மாதாமாதம் கொஞ்சம் விற்று உங்கள் கையில் கொடுக்கிறது. சந்தை ஏறினால் முதல் தாங்கும், இறங்கினால் முதலே கரையும். ஓய்வு பெற்றவர் ஒருவர், சொந்தப் பணத்தில், நிதானமாகச் செய்யலாம். மூன்று வருஷத்தில் 6 லட்சத்தை முழுசாகத் திருப்பி வைக்க வேண்டிய நீங்கள் செய்யக்கூடாது. எல்லாம் நினைத்தபடியே நடந்தாலும் 9,000 வாடகையை விட்டுவிட்டு 6,000 வாங்குவீர்கள். இதில் உங்களுக்கு என்ன லாபம்?

சரி, இப்போது உங்களைக் கடிக்கிற விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் கேட்டது ஆளைத் தேர்ந்தெடுப்பது பற்றி. ஆனால் கடிதத்தில் இருக்கிற எல்லாக் கஷ்டத்துக்கும் அடியில் ஒரே பழக்கம்தான் இருக்கிறது. அட்வான்ஸ் வந்ததும் அதை வருமானமாக எடுத்துச் செலவழிக்கிறீர்கள். அது வாடகைதாரரின் பணம். அவர் சாவி கொடுக்கிற அன்று எண்ணிக் கொடுக்க வேண்டியது. அதைச் செலவழித்துவிட்டதால் அவரை "காலி பண்ணுங்க" என்று உங்களால் அழுத்திச் சொல்ல முடியவில்லை. சொன்னால் "பணத்தைக் கொடுங்க" என்பார். அடுத்து வருகிற ஆளின் அட்வான்ஸை வைத்துத்தான் இவருக்குக் கொடுக்க முடியும் என்பதால், வருகிறவர் எப்படிப்பட்டவர் என்று பார்க்காமல் எவ்வளவு தருவார் என்று பார்க்கிறீர்கள். நர்ஸ் குடும்பத்தை அனுப்பியதும் ஒத்திக்காரரை உட்கார வைத்துப் பேசியதும் இதனால்தான்.

ஏன் அட்வான்ஸில் கை வைக்க வேண்டி வந்தது? உங்கள் வாடகைக் கணக்கில் ஓட்டை இருக்கிறது. இரண்டு போர்ஷனும் வருஷம் முழுக்க நிரம்பியிருந்தால் 2,16,000. ஆனால் எந்த வீடும் அப்படி நிரம்பியிருக்காது. போர்ஷனுக்கு ஒரு மாதம் காலி என்று வைத்தால் 18,000 போகும். சொத்து வரி, மோட்டார் ரிப்பேர், வெள்ளையடிப்பு என்று ஒரு 13,000. மிச்சம் 1,85,000. கடன் தவணை வருஷத்துக்கு 2,19,000. ஆக 34,000 துண்டு விழுகிறது, மாதத்துக்கு 3,000 ரூபாய்க்குக் கொஞ்சம் கீழே. அந்த 3,000-ஐ உங்கள் சம்பளத்திலிருந்து முதல் தேதியே எடுத்து வையுங்கள். வாடகையே கடனை அடைக்கும் என்ற நினைப்பை இன்றோடு விடுங்கள். தவணையைக் குறைக்க வங்கியில் 20 வருஷமாக நீட்டலாமா என்று தோன்றும். தவணை 16,200 அளவுக்கு இறங்கும், ஆனால் மொத்தத்தில் 6 லட்சம் கூடுதலாகக் கட்டுவீர்கள். தேவையில்லை.

இனி வருகிற ஒவ்வொரு அட்வான்ஸும் தனிக் கணக்குக்குப் போக வேண்டும். ஒரு வருஷ எஃப்.டி. போதும். அந்தக் கணக்கின் ஏடிஎம் கார்டை வீட்டில் யார் கண்ணிலும் படும்படி வைக்காதீர்கள்.

முதல் போர்ஷன்காரரைப் பார்ப்போம். 90,000-இல் 5 மாத பாக்கி 45,000 போனால் நீங்கள் திருப்பித் தர வேண்டியது 45,000. அவர் இப்படியே உட்கார்ந்தால் இன்னும் 5 மாதத்தில் அது பூஜ்யம் ஆகும். அதற்கு அப்புறம் அவரைப் பிடித்து வைக்க உங்களிடம் ஒன்றும் இருக்காது, ஓசியில் குடியிருப்பார். அதனால் இப்போதே பேசுங்கள். "இந்தத் தேதிக்குக் காலி செய்கிறேன், 5 மாத வாடகையையும் மின் கட்டண பாக்கியையும் கழித்து மீதி வாங்கிக்கொள்கிறேன்" என்று எழுதி வாங்குங்கள். சாவி கையில் வந்ததும் பணம், அதற்கு முன்னால் ஒரு ரூபாயும் வேண்டாம். மறுத்தால் வக்கீல் மூலம் வாடகை நீதிமன்றம். தண்ணீரை நிறுத்துவதை மட்டும் நினைக்கவே நினைக்காதீர்கள். சட்டப்படி அது உங்கள் மேல்தான் திரும்பும். மேல் மாடியில் குழந்தைகள் இருந்தால், சட்டம் ஒருபுறம் இருக்கட்டும், அது செய்யக்கூடாத காரியம்.

அந்த 45,000-க்கு எங்கே போவது? மச்சினனிடம்தான். அவர் கொண்டுபோன 50,000 உங்கள் பணமும் இல்லை, அவர் கூட்டி வந்த ஆளின் பணம். "அந்த ஆளு காலி பண்றார், அவர் அட்வான்ஸைக் கொண்டா" என்று கேட்பதில் கூச்சம் வேண்டாம். உங்கள் மனைவியையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு கேளுங்கள், அவருக்குத் தெரியாமல் நடந்த பேச்சு என்று ஆகிவிடக் கூடாது. உடனே முழுதும் வராது என்றால் குறைகிற தொகைக்குச் சின்னதாக நகைக்கடன் வையுங்கள். வாங்கிய நகைக்கடனை மச்சினன் மாதாமாதம் அடைக்கட்டும்.

இப்போது ஆள் தேர்வு. பெரிய அட்வான்ஸ் எவ்வளவு லாபம் என்று பாருங்கள். 90,000-க்கும் 30,000-க்கும் வித்தியாசம் 60,000. அதை 7 சதவீதத்தில் போட்டால் வருஷத்துக்கு 4,200, மாதத்துக்கு 350 ரூபாய். இந்த 350-க்காக 2 மாதம் வீட்டைப் பூட்டி வைத்து 18,000-ஐ இழந்திருக்கிறீர்கள். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டமும் முன்பணத்துக்கு 3 மாத வாடகையைத்தான் அளவாக வைக்கிறது, இரண்டு பேரும் வேறு மாதிரி ஒத்துக்கொண்டால் தவிர. மூன்று மாத வாடகையை ஒட்டி வாங்குங்கள், போதும்.

நம் ஊரில் வீடு கேட்டு வருகிறவரிடம் முதல் கேள்வியே "நீங்க என்ன ஆளுக" என்பதுதான். அது தப்பு என்று வெளிப்படையாகவே சொல்கிறேன். வாடகை ஐந்தாம் தேதி வருமா என்பதற்கும் அதில் பதில் கிடையாது. "நம்ம ஆளு" என்று எழுத்தில்லாமல் விட்டதன் பலனை 5 மாதமாக அனுபவிக்கிறீர்கள்.

கேட்க வேண்டியது வேறு. வீட்டு வருமானம் வாடகையைப் போல மூன்று மடங்குக்கு மேல் இருக்கிறதா? சம்பளச் சீட்டு அல்லது வங்கிக் கணக்கின் கடைசி சில மாத வரவைக் காட்டச் சொல்லலாம். கடை வைத்திருப்பவர், ஆட்டோ ஓட்டுபவர் என்றால் சீட்டு இருக்காது, தொழில் நடக்கிற இடத்துக்கு ஒரு நடை போய்ப் பாருங்கள். இப்போது இருக்கிற வீட்டை ஏன் விடுகிறார்கள்? இதற்கு இப்போதைய வீட்டுக்காரரிடம் மட்டும் கேட்டால் பத்தாது, ஆளைக் கிளப்பினால் போதும் என்று அவர் நல்லவிதமாகவே சொல்லலாம். அதற்கு முந்தைய வீட்டுக்காரரிடம் பேசுங்கள், அவருக்கு மறைக்க ஒன்றும் இல்லை. முடிந்தால் அவர்கள் இப்போது குடியிருக்கும் வீட்டுக்குச் சாயங்காலமாக ஆதார் நகல் வாங்கப் போவதுபோல் போய்வாருங்கள். வீட்டை எப்படி வைத்திருக்கிறார்கள் என்று தெரிந்துவிடும்.

குடும்பமாக வந்து அடுப்படியையும் தண்ணீர் வரும் நேரத்தையும் பார்த்து, இரண்டு நாள் யோசித்து, 500 ரூபாய் குறைக்கச் சொல்கிறவர்கள் இருந்து வாழ வருகிறவர்கள். வீட்டையே சரியாகப் பார்க்காமல் "கேட்டதைத் தருகிறேன், இன்றைக்கே சாவி வேண்டும்" என்கிறவரிடம் நின்று விசாரியுங்கள். அப்புறம் ஒன்று. இணையத்தில் விளம்பரம் கொடுத்தால், ராணுவத்தில் இருக்கிறேன், இங்கே மாற்றல் ஆகி வருகிறேன், அட்வான்ஸ் அனுப்ப இந்த கியூஆர் கோடை ஸ்கேன் பண்ணுங்க என்று ஒரு போன் வரலாம். பணம் வாங்குவதற்கு யாரும் ஸ்கேன் பண்ணி பின் நம்பர் போட வேண்டியதில்லை. போட்டால் உங்கள் கணக்கிலிருந்துதான் போகும்.

ஆளைப் பிடித்துவிட்டால் எழுத்து கட்டாயம். 20 ரூபாய்ப் பத்திரத்தில் 11 மாதம் எழுதி பீரோவில் வைப்பது பழைய வழக்கம். இப்போது ஒப்பந்தத்தை வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும், இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம். வாடகைத் தேதி, தண்ணீர்க் கட்டணம், காலி செய்யும்போது வெள்ளையடிப்புக்கு எவ்வளவு பிடிப்பீர்கள் என்று எல்லாம் அதில் இருக்கட்டும். தமிழ்நாடு காவல்துறையின் இணையதளத்தில் கட்டணம் கட்டி வாடகைதாரர் சரிபார்ப்புக்கும் விண்ணப்பிக்கலாம்.

ஆள் தேட பெரிய ஏற்பாடு வேண்டாம். கேட்டில் டு-லெட் போர்டு, தெரு முக்கு பலசரக்குக் கடை, துணி தேய்க்கிறவர், ஆஸ்பத்திரியிலும் பள்ளிக்கூடங்களிலும் தெரிந்தவர்கள், இவ்வளவு போதும். புரோக்கருக்கு ஒரு மாத வாடகை கொடுப்பதில் தப்பில்லை, ஒப்பந்தம் முடிந்த பிறகு கொடுங்கள். 2023 டிசம்பர் வெள்ளத்துக்கு அப்புறம் வீடு பார்க்க வருகிறவர்கள் தெருவில் தண்ணீர் நின்றதா என்று கேட்பார்கள், உள்ளதைச் சொல்லுங்கள். மாடிக்குத் தனி மீட்டர் இல்லை என்றால் உடனே வாங்குங்கள். ஒவ்வொரு வீட்டு இணைப்புக்கும் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். ஒரே மீட்டரில் எல்லாம் ஓடினால் கட்டணமும் ஏறும், சண்டையும் வரும்.

வரி பற்றிக் கேட்டிருந்தீர்கள். வாடகையில் 30 சதவீதக் கழிவும் கடன் வட்டியும் போனால் இப்போதைக்கு உங்களுக்கு வரி வராது. கணக்கில் மட்டும் காட்டிவிடுங்கள்.

நர்ஸ் குடும்பத்தின் நம்பர் உங்கள் போனில் இன்னும் இருக்கும். இன்றைக்கே கூப்பிட்டு 8,500-க்கும் 30,000-க்கும் சம்மதம் என்று சொல்லிவிட்டு, மேலே சொன்னபடி விசாரியுங்கள். மாதம் 500 குறைந்தால் வருஷத்துக்கு 6,000, ஒரு மாதம் காலியாகக் கிடப்பதைவிடக் குறைவு. ஆனி முடிவதற்குள் அவர்கள் பால் காய்ச்சிவிட வேண்டும். ஆடி பிறந்துவிட்டால் ஆவணி வரைக்கும் யாரும் வீடு மாற மாட்டார்கள்.