இரண்டாம் பாகம் வருமா, வராதா?

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் சூப்பர் ஹீரோ படங்களைப் பற்றியவை. அவற்றை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

*

நானும் என் அண்ணனும் 'எடர்னல்ஸ்' பார்த்த நாளிலிருந்து சண்டை போடுகிறோம், சார். 'எடர்னல்ஸ் திரும்ப வருவார்கள்' என்று கடைசியில் எழுத்துப் போட்டார்கள், அதனால் இரண்டாம் பாகம் நிச்சயம் என்கிறான் அவன். வசூல் போதாது, வராது என்கிறேன் நான். நீங்கள்தான் தீர்த்துவைக்க வேண்டும்.
— ஒரு கல்லூரி மாணவி

என் ஆசை உங்கள் அண்ணன் பக்கம் இருக்கிறதம்மா, கணக்கு உங்கள் பக்கம் இருக்கிறது.

அந்த எழுத்தைப் படத்தில் சேர்க்கும்போது படம் ரிலீஸே ஆகியிருக்காது. ரிசல்ட் தெரியாத நேரத்தில் சொன்ன சொல் அது. 2011இல் 'கிரீன் லான்டர்ன்' வந்தபோதும் இப்படித்தான். படம் முடிந்த பிறகு ஹீரோவின் பக்கம் இருந்த சினெஸ்ட்ரோ மஞ்சள் மோதிரத்தை விரலில் மாட்டுவான், அடுத்த பாகத்து வில்லன் இவன்தான் என்று தெளிவாகக் காட்டினார்கள். சுமார் 200 மில்லியன் டாலர் போட்ட படம் உலகம் முழுக்க 240 மில்லியனைக்கூடத் தொடவில்லை. அந்த மோதிரக் கதை அங்கேயே நின்றுபோனது.

சரி, 'எடர்னல்ஸ்' அதைவிட நன்றாக ஓடியதே என்று அண்ணன் கேட்பார். உண்மைதான். சுமார் 200 மில்லியன் செலவு, 402 மில்லியன் வசூல். இரண்டு மடங்கு வந்துவிட்டதே என்று தோன்றும். ஆனால் நாம் டிக்கெட்டுக்குக் கொடுக்கும் பணத்தில் ஏறக்குறைய பாதி தியேட்டர்களுக்குப் போய்விடும். விளம்பரச் செலவு பட்ஜெட் கணக்கில் வராது. இந்த அளவுப் படங்களுக்கு அது மட்டுமே பல கோடி டாலர். அதனால்தான் சினிமாக்காரர்கள் பட்ஜெட்டைப் போல இரண்டரை மடங்கு வந்தால்தான் மூச்சு விடுவார்கள். போதாததற்கு, அது வந்தது 2021 நவம்பர். கொரோனா பயம் தீராத நேரம், சீனாவிலும் ரிலீஸ் கிடையாது. அதனால் தோல்விப் படம் என்று ஒரே வார்த்தையில் தள்ள எனக்கு மனம் வரவில்லை.

நாயகி செர்சியையும் எடர்னல்ஸில் இன்னும் இரண்டு பேரையும், அவர்களைப் படைத்த அரிஷெம் அள்ளிக்கொண்டு போனதோடு கதை அந்தரத்தில் நிற்கிறது. உங்கள் இருவருக்கும் அதுதான் உறுத்துகிறது என்று நினைக்கிறேன், எனக்கும் அதுதான். ஒன்று கவனித்தீர்களா? அந்தப் படத்தின் கடைசியில் கடலுக்கு மேல் கல்லாக உறைந்து நின்ற ராட்சத உருவம், 2025இல் வந்த கேப்டன் அமெரிக்கா படத்தில் கதைக்கே ஆதாரமாக வந்தது. கதை நகர்ந்துவிட்டது, அதன் சொந்தக்காரர்கள் இல்லாமல். 'எடர்னல்ஸ் 2' என்ற பெயரில் ஒரு படத்தை நான் எதிர்பார்க்கவில்லை. ஆனால் அவர்களில் ஒருவர் வேறொரு படத்தில் வந்து நிற்க நிறைய வாய்ப்பு உண்டு. 'திரும்ப வருவார்கள்' என்றுதான் போட்டார்களே தவிர, எந்தப் படத்தில் என்று போடவில்லை. அண்ணனிடம் அதைச் சொல்லுங்கள்.

*

வசூல்தான் எல்லாம் என்றால் 'ஹான்காக்' ஏன் அப்படியே நிற்கிறது? அதுதான் ஓடித் தீர்த்ததே?
— வங்கி ஊழியர் ஒருவர்

நல்ல இடத்தில் பிடித்தீர்கள். 2008இல் 150 மில்லியன் செலவுக்கு 600 மில்லியனைத் தாண்டிய படம் அது. இன்றுவரை இரண்டாம் பாகம் இல்லை. வசூல் கதவைத் திறக்கும், அவ்வளவுதான். உள்ளே போக ஹீரோவின் தேதிகள், இயக்குநரின் விருப்பம், நம்பி இறங்க ஒரு கதை எல்லாம் ஒரே நேரத்தில் கூடிவர வேண்டும்.

இயக்குநர் சாம் ரெய்மியின் நான்காவது 'ஸ்பைடர்மேன்' நின்ற கதை இதைவிடத் தெளிவு. மூன்றாம் பாகம் 2007இல் 890 மில்லியனை ஒட்டி வசூலித்தது. நான்காம் பாகத்துக்கு 2011 மே மாதம் ரிலீஸ் தேதியே குறித்துவிட்டார்கள். ஆனால் அந்தத் தேதிக்குள் நல்ல கதை கைக்கு வராது என்று ரெய்மிக்குத் தோன்றியது. 2010 ஜனவரியில் விலகிவிட்டார். அப்போது எனக்குக் கோபம் வந்தது. இப்போது அவர்மேல் மரியாதை மட்டும்தான் இருக்கிறது. நிச்சயமாக ஓடும் ஒரு படத்தை, நன்றாக வராது என்பதற்காகக் கைவிட எவ்வளவு துணிச்சல் வேண்டும்!

அப்புறம் உரிமைச் சிக்கல் என்று ஒன்று உண்டு. 2008இல் வந்த ஹல்க் படத்துக்கு அடுத்து ஹல்க் தனியாக நடித்த படமே வரவில்லை. தனி ஹல்க் படத்தை விநியோகிக்கும் உரிமை யுனிவர்சலிடம் இருந்தது. அதனால் ஹல்க்கை வைத்துப் படம் எடுக்கும் மார்வெல் நிறுவனம் அவரைக் கூட்டத்தோடு கூட்டமாகவே காட்டிவந்தது.

*

ரசிகர்கள் கையெழுத்து இயக்கம் நடத்தினால் ஸ்டுடியோக்கள் கேட்குமா? எங்கள் நண்பர்கள் குழு ஒன்றைத் தொடங்கலாமா என்று யோசிக்கிறது.
— பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர்

கேட்ட சம்பவமும் உண்டு. 'ஜஸ்டிஸ் லீக்' படத்தை இயக்குநர் ஸாக் ஸ்னைடர் பாதியில் விட, வேறொருவர் முடித்தார்; ஸ்னைடர் நினைத்த வடிவத்துக்காக ரசிகர்கள் 2017 முதல் விடாமல் குரல் கொடுத்தார்கள். 2021 மார்ச்சில் நான்கு மணி நேரப் படமாக அது வந்தே விட்டது. ஆனால் அதில் போட்டுவைத்த முடிச்சுகளை அவிழ்க்கும் அடுத்த பாகம் வரவில்லை. பாதி எடுத்து வைத்திருந்ததை முடித்துக் கொடுப்பது வேறு, புதிதாக ஒரு படத்துக்குப் பணம் போடுவது வேறு.

'ஹெல்பாய்' கதை இன்னும் வருத்தமானது. 2017 ஜனவரியில் இயக்குநர் கியர்மோ டெல் டோரோவே ரசிகர்களிடம் ட்விட்டரில் வாக்குக் கேட்டார். ஒரு லட்சம் வாக்கு வந்தால் மூன்றாம் பாகத்துக்காகப் பேசிப் பார்க்கிறேன் என்றார். ஒரே நாளில் ஒரு லட்சத்தைத் தாண்டியது. வாக்களித்தவர்களில் நானும் ஒருவன். அடுத்த மாதமே, சம்பந்தப்பட்ட எல்லோரிடமும் பேசிவிட்டேன், நூறு சதவீதம் நடக்காது என்று அறிவித்தார். 2019இல் வேறு நடிகரை வைத்துப் புதிதாகத் தொடங்கினார்கள். ரான் பெர்ல்மன் நடித்த, நான் நேசித்த அந்த ஹெல்பாய், கதையில் அப்பாவாகும் நேரத்தில் நின்றுபோனார்.

தாராளமாகத் தொடங்குங்கள். ஒரு வேண்டுகோள் மட்டும்: எதிர்க்கருத்து சொல்கிறவர்களைத் திட்டுவதை உங்கள் குழுவில் ஒருவர்கூடச் செய்யக்கூடாது.

*

சூப்பர்மேனாக நடித்த ஹென்றி கேவில் 'திரும்பி வந்துவிட்டேன்' என்று அவரே சொன்னாரே, பிறகு என்ன ஆயிற்று?
— பள்ளி ஆசிரியை ஒருவர்

2022 அக்டோபரில் சொன்னார், டிசம்பரில் இல்லை என்றார். இடையில் டிசி படங்களின், அதாவது சூப்பர்மேன் வகையறாப் படங்களின், பொறுப்பு ஜேம்ஸ் கன், பீட்டர் சஃப்ரான் கைக்கு மாறியது. அவர்கள் புது சூப்பர்மேனைத் தேடினார்கள், 2025இல் டேவிட் கோரன்ஸ்வெட் வந்தார். கேவில் பொய் சொல்லவில்லை. அவருக்கு வாக்குக் கொடுத்தவர்கள் அந்த நாற்காலியில் இல்லை. 2013இல் வந்த 'மேன் ஆஃப் ஸ்டீல்' படத்துக்கு நேரடியான இரண்டாம் பாகம் அமையாமலே அவர் காலம் முடிந்தது எனக்கு இன்றும் ஆறாத குறைதான்.

*

நீங்கள் அதிக நாள் காத்திருந்தது எந்தப் படத்தின் இரண்டாம் பாகத்துக்கு?
— நீண்டகால வாசகர்

'அன்பிரேக்கபிள்'. 2000இல் வந்தது. அப்போது நான் மாணவன். அதற்கு முந்தைய ஆண்டு அதன் இயக்குநர் ஷியாமளன் 'சிக்ஸ்த் சென்ஸ்' கொடுத்திருந்ததால் எல்லோரும் இன்னொரு பேய்ப் படம் என்று நினைத்து வந்திருந்தார்கள். என்னோடு வந்த நான்கு பேரில் இரண்டு பேர் தூங்கிவிட்டார்கள். நான் மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தேன். புரூஸ் வில்லிஸ் நடித்த டேவிட் டன் ஒரு காவலாளி. வீட்டின் கீழ்த்தளத்தில் அவன் பளு தூக்க, மகன் எடையைக் கூட்டிக்கொண்டே போவான். சண்டையோ வெடிச்சத்தமோ இல்லாமல், தன் அப்பா யார் என்று அந்தப் பையன் புரிந்துகொள்வது அவன் முகத்திலேயே தெரியும் காட்சி அது. இதுதான் சூப்பர் ஹீரோ படம் என்று அன்று முடிவு செய்தேன்.

அதன் பிறகு ஷியாமளனின் ஒவ்வொரு படத்தின்போதும் எதிர்பார்ப்பேன். வராது. 2017இல் 'ஸ்ப்ளிட்' பார்க்கப் போனபோது அந்த நினைப்பே இல்லை. அது வேறு கதை, வேறு ஸ்டுடியோ. கடைசியில் ஒரு சிற்றுண்டிக் கடை, டிவியில் செய்தி. பின்னணியில் மெல்ல ஓர் இசை. 'அன்பிரேக்கபிள்' படத்துக்கு ஜேம்ஸ் நியூட்டன் ஹோவர்ட் போட்ட அந்தப் பழைய இசை. எனக்குக் கை நடுங்கியது. கேமரா நகர்ந்தால் அங்கே புரூஸ் வில்லிஸ் உட்கார்ந்திருக்கிறார், சட்டையில் 'டன்' என்ற பெயர். பதினாறு வருடத்துக்கு மேல் காத்திருந்த படத்தின் இரண்டாம் பாகத்தைத்தான் இவ்வளவு நேரம் பார்த்திருக்கிறோம் என்று அப்போதுதான் புரிந்தது. நான் எழுந்தே நின்றுவிட்டேன்.

9 மில்லியன் டாலரில் எடுத்த 'ஸ்ப்ளிட்' 270 மில்லியனுக்கு மேல் வசூலித்ததால்தான், இரண்டு ஸ்டுடியோக்களும் கைகோத்து 2019இல் மூன்றாம் பாகமாக 'கிளாஸ்' வந்தது. அதில் டேவிட்டுக்குக் கொடுத்த முடிவு எனக்குப் பிடிக்கவில்லை. அவனுக்கு அப்படி நேர்ந்திருக்கக் கூடாது. ஆனாலும் அந்தச் சிற்றுண்டிக் கடைக் காட்சியை யாரும் என்னிடமிருந்து எடுத்துவிட முடியாது.

*

என் பத்து வயது மகன் 'இன்கிரெடிபிள்ஸ்' மூன்றாம் பாகம் எப்போது என்று தினமும் கேட்கிறான். அடுத்த கதையைத் தானே படமாக வரைந்து நோட்டை நிரப்பிக்கொண்டிருக்கிறான். என்ன சொல்வது?
— ஒரு தாய்

மூன்றாம் பாகம் எடுப்பதாக 2024 ஆகஸ்டிலேயே அறிவித்துவிட்டார்கள், அதனால் வரும் என்று சொல்லுங்கள். முதல் பாகம் 2004, இரண்டாவது 2018. முதல் படம் எந்த நொடியில் நின்றதோ, பூமியைத் துளைத்துக்கொண்டு அண்டர்மைனர் என்ற வில்லன் வெளியே வந்த அதே நொடியில், பதினான்கு வருடம் கழித்து இரண்டாவது தொடங்கியது. அதையும் அவனுக்குச் சொல்லுங்கள், சந்தோஷப்படுவான். அந்த நோட்டில் ஒரு பக்கத்தைப் படம் எடுத்து எனக்கு அனுப்ப முடியுமா? அவன் கதை எங்கே தொடங்குகிறது என்று பார்க்க ஆசையாக இருக்கிறது.