அரசே கேட்டும் அமெரிக்க நீதிபதிகள் கிராண்ட் ஜூரி ஆவணங்களைத் திறக்க மறுத்தது ஏன்?

கேள்வி: பாலியல் கடத்தல் குற்றச்சாட்டுக்கு உள்ளான ஜெஃப்ரி எப்ஸ்டீன், அவருடைய கூட்டாளி கிஸ்லேன் மேக்ஸ்வெல் ஆகியோரின் வழக்குகளின் கிராண்ட் ஜூரி ஆவணங்களை வெளியிட அனுமதி கேட்டு அமெரிக்க நீதித்துறை அமைச்சகமே 2025இல் மனு செய்தது. நீதிமன்றங்கள் முதலில் மறுத்துவிட்டு, சில மாதங்களில் அனுமதித்தது எப்படி? இத்தகைய மனுக்களில் நீதிமன்றங்கள் எதை வைத்து முடிவெடுக்கின்றன?

பதில்:

ஆகஸ்டில் மறுத்த அதே நீதிபதிகள் டிசம்பரில் அனுமதித்ததைப் பார்ப்பவர்களுக்கு, அவர்கள் நெருக்குதலுக்குப் பணிந்துவிட்டார்களோ என்ற ஐயம் எழுவது இயல்பே. தீர்ப்புகளைப் படித்தால் அந்த ஐயம் தீர்ந்துவிடும். இடைப்பட்ட காலத்தில் நாடாளுமன்றம் புதிய சட்டம் இயற்றியது. நீதிபதிகள் அதற்குக் கட்டுப்பட்டார்கள். ஆனால் எப்ஸ்டீன் விவகாரத்தை மட்டும் வைத்து இந்தச் சட்டத் துறையை எடைபோடக் கூடாது என்று நினைக்கிறேன். இதைவிடப் பழைய, இதைவிட வேதனையான வழக்குகள் இருக்கின்றன. சட்டத்தின் உண்மையான குறை அவற்றில்தான் தெரிகிறது.

கிராண்ட் ஜூரி என்பது ஒருவர் குற்றவாளியா இல்லையா என்று தீர்ப்பளிக்கும் ஜூரி அன்று. ஒருவர்மீது குற்றம் சாட்டுவதற்குப் போதிய முகாந்திரம் இருக்கிறதா என்பதை மட்டும் முடிவுசெய்யும், 16 முதல் 23 வரையிலான பொதுமக்களைக் கொண்ட குழு அது. கூட்டாட்சி வழக்குகளில் குறைந்தது 12 பேர் சம்மதித்தால் குற்றச்சாட்டு பதிவாகும். அந்த அறையில் நீதிபதி இருப்பதில்லை, சந்தேகத்துக்கு உள்ளானவரின் வழக்கறிஞருக்கும் இடமில்லை, குறுக்கு விசாரணையும் கிடையாது. அரசு வழக்கறிஞர் அழைத்துவரும் சாட்சிகள் மட்டுமே பேசுகிறார்கள். பிறர் சொல்லக் கேட்ட செய்தியைக்கூட அவர்கள் சாட்சியமாகச் சொல்லலாம். இப்படி ஒரு தரப்பு மட்டுமே பேசும் இடத்தில் பதிவான சொற்களை அப்படியே வெளியிட்டால், குற்றம் சாட்டப்படாமலே விடுவிக்கப்பட்ட ஒருவரின் பெயர் கெட்டுப்போகும். சாட்சி சொல்ல வந்தவர் பழிவாங்கப்படலாம்; தேடப்படுபவர் முன்கூட்டியே அறிந்து தப்பியோடலாம். இந்தக் காரணங்களை உச்ச நீதிமன்றம் 1979ஆம் ஆண்டின் டக்ளஸ் ஆயில் வழக்கில் தெளிவாக எடுத்துரைத்திருக்கிறது. அவை இன்றும் வலுவான காரணங்களே.

இந்த ரகசியத்துக்குச் சட்ட வடிவம் தருவது கூட்டாட்சிக் குற்றவியல் நடைமுறை விதிகளில் 6ஆம் விதியின் ‘இ’ பிரிவு. ஜூரி உறுப்பினர்கள், அரசு வழக்கறிஞர்கள், சுருக்கெழுத்தாளர்கள், மொழிபெயர்ப்பாளர்கள் ஆகியோர் வாய் திறக்கக் கூடாது. சாட்சி சொன்னவருக்கு மட்டும் அந்தத் தடை இல்லை, அவர் விரும்பினால் தான் சொன்னதை வெளியே சொல்லலாம். வேறொரு நீதிமன்ற நடவடிக்கைக்குத் தேவைப்படுவது போன்ற சில விதிவிலக்குகளையும் அதே பிரிவு வரிசைப்படுத்துகிறது. வரலாற்று ஆய்வு அந்த வரிசையில் இல்லை, பொதுமக்களின் அறியும் ஆர்வமும் இல்லை. ஆகவே எல்லா வழக்கும் கடைசியில் ஒரே கேள்வியில் வந்து நிற்கிறது: விதியில் எழுதப்படாத காரணத்துக்காகவும் ஆவணத்தைத் திறக்கும் உள்ளார்ந்த அதிகாரம் நீதிமன்றத்துக்கு உண்டா?

அமெரிக்கக் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றங்கள் ‘வட்டம்’ எனப்படும் பகுதிகளுக்கு ஒன்றாக இருக்கின்றன; ஒரு வட்டத்தின் தீர்ப்பு அதற்குட்பட்ட மாவட்ட நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தும். உண்டு என்று நியூயார்க் பகுதிக்கான இரண்டாம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் 1997இல் கிரெய்க் வழக்கில் கூறியது. கருவூலத் துறையில் உயர்பதவி வகித்து 1948இல் இறந்த ஹாரி டெக்ஸ்டர் ஒயிட் தொடர்பான சாட்சியங்களை ஒரு வரலாற்று ஆய்வாளர் கேட்டிருந்தார். அவருடைய மனு தள்ளுபடியானது. ஆனால் அந்தத் தீர்ப்பு வகுத்துத் தந்த அளவுகோல்கள்தான் பிறகு பலருக்கும் கைகொடுத்தன. கேட்பவர் யார், அரசு எதிர்க்கிறதா, எத்தனை ஆண்டுகள் கடந்துவிட்டன, சாட்சிகளும் அவர்களுடைய குடும்பத்தினரும் இன்று எந்த நிலையில் இருக்கிறார்கள், ஏற்கெனவே எவ்வளவு வெளியாகிவிட்டது என்பனவற்றையெல்லாம் நீதிபதி ஒருசேர எடைபோட வேண்டும் என்றது அந்தத் தீர்ப்பு. 1975இல் கலிபோர்னியாவில் முன்னாள் அதிபர் நிக்சன் அளித்த சாட்சியத்தை 2011இல் வாஷிங்டன் நீதிபதி ராய்ஸ் லாம்பெர்த் திறந்துவிட்டது இந்த வழியில்தான். 1942இல் மிட்வே கடற்போரைப் பற்றி இராணுவ ரகசியத்தை வெளியிட்டதாகச் சிகாகோ ட்ரிப்யூன் நாளிதழ்மீது எழுந்த விசாரணையின் ஆவணங்களை வெளியிட ஏழாம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் 2016இல் சம்மதித்ததும் ஏறத்தாழ இதே சிந்தனையின்படிதான்.

ஆவணங்கள் திறக்கப்பட்டதன் பயனை ரோசன்பர்க் வழக்கைப்போல் வேறெதுவும் காட்டியதில்லை. அணுகுண்டு ரகசியங்களைச் சோவியத் ஒன்றியத்துக்குக் கொடுக்கச் சதி செய்ததாகத் தீர்ப்பளிக்கப்பட்டு, ஜூலியஸ் ரோசன்பர்க்கும் அவர் மனைவி எத்தலும் 1953 ஜூன் 19 அன்று மரண தண்டனைக்கு உள்ளானார்கள். 1951இல் நடந்த விசாரணையில் எத்தலுக்கு எதிராக முக்கியச் சாட்சியம் அளித்தவர்கள் அவருடைய உடன்பிறந்த தம்பி டேவிட் கிரீன்கிளாஸும் தம்பி மனைவி ரூத்தும். ரகசியக் குறிப்புகளை எத்தல்தான் தட்டச்சு செய்தார் என்று அவர்கள் சொன்னார்கள். 2008இல் வரலாற்றாசிரியர்களின் மனுவை ஏற்று நீதிபதி ஆல்வின் ஹெல்லர்ஸ்டைன் பெரும்பாலான கிராண்ட் ஜூரி சாட்சியங்களைத் திறந்தபோது, எத்தல் தட்டச்சு செய்ததாக ரூத் அங்கே சொல்லவே இல்லை என்பதும், குறிப்புகளைத் தானே கையால் எழுதியதாகச் சொல்லியிருந்தார் என்பதும் தெரியவந்தன. உயிரோடிருந்த டேவிட் சம்மதிக்காததால் அவருடைய சாட்சியம் மட்டும் மூடியே இருந்தது. ஒரு சாட்சி உயிரோடிருக்கும்வரை அவர் மறுப்புக்கு மதிப்பளித்த அந்த நிதானத்தை நான் மதிக்கிறேன். 2014இல் அவர் இறந்தபின் மறு ஆண்டே அதுவும் வெளிவந்தது: இந்த விஷயத்தைப் பற்றித் தன் அக்காவிடம் பேசியதே இல்லை என்று 1950 ஆகஸ்டில் அவர் சாட்சியம் அளித்திருந்தார். ஒரு பெண்ணின் உயிரைப் பறித்த வழக்கில், அவருக்கு எதிரான சாட்சிகள் சில மாதங்களுக்கு முன்பு வேறு கதை சொல்லியிருக்கிறார்கள் என்பதை அறிய நாட்டுக்கு அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஆனது. ரகசியம் என்ற பெயரில் மூடிவைக்கப்படுவது சில நேரங்களில் அரசுத் தரப்பின் பலவீனமாகவும் இருக்கலாம் என்பதற்கு இதைவிட வலுவான சான்று எனக்குத் தெரியவில்லை.

காற்று திசை மாறியது 2019இல். டொமினிக்கன் குடியரசின் சர்வாதிகாரி ட்ருஹீயோவை எதிர்த்த கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர் ஹெசூஸ் டி கலிண்டெஸ் 1956இல் நியூயார்க்கில் காணாமல் போனார். அது தொடர்பான ஆவணங்களைக் கேட்ட மக்கீவர் வழக்கில், விதியின் விதிவிலக்குப் பட்டியல் முழுமையானது, அதைத் தாண்டித் திறக்கும் அதிகாரம் நீதிமன்றங்களுக்கு இல்லை என்று வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம் இருவருக்கு ஒருவர் என்ற பெரும்பான்மையில் தீர்ப்பளித்தது. அடுத்த ஆண்டு மார்ச்சில் பதினொன்றாம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் முழு அமர்வு, தான் 1984இல் அளித்த முடிவையே ரத்துசெய்து, இதே நிலைப்பாட்டை எடுத்தது.

அந்த இரண்டாவது வழக்குதான் மூர்ஸ் ஃபோர்டு படுகொலை வழக்கு. 1946 ஜூலை 25 அன்று ஜார்ஜியா மாநிலத்தில் ஒரு பாலத்தின் அருகே ரோஜர் மால்கம், டோரதி மால்கம், ஜார்ஜ் டோர்சி, மே மரே டோர்சி என்ற நான்கு கறுப்பின மக்களை வெள்ளையர் கும்பல் ஒன்று காரிலிருந்து இழுத்துச் சுட்டுக் கொன்றது. ஜார்ஜ் டோர்சி இரண்டாம் உலகப் போரில் பணியாற்றித் திரும்பிய படைவீரர். கிராண்ட் ஜூரி 16 நாள் அமர்ந்து 100க்கும் மேற்பட்ட சாட்சிகளை விசாரித்தும், கொலைக்காக ஒருவர்மீதுகூடக் குற்றம் சாட்டப்படவில்லை. வரலாற்றாசிரியர் ஆந்தனி பிட்ச் கேட்டதற்கு இணங்கி, அந்தச் சாட்சியங்களைத் திறக்க மாவட்ட நீதிமன்றம் 2017இல் உத்தரவிட்டது. மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் மூவர் அமர்வும் 2019 தொடக்கத்தில் அதை உறுதிசெய்தது. பிட்ச் அதே ஆண்டில் காலமானார். 2020இல் முழு அமர்வு அந்த உத்தரவை ரத்துசெய்தது.

நீதிபதிகள் தாங்களே விதிவிலக்குகளைப் படைத்துக்கொண்டே போனால் எழுதப்பட்ட விதிக்குப் பொருள் இல்லாமல் போகும் என்ற முழு அமர்வின் வாதத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் அதன் விளைவைப் பாருங்கள். தப்பியோடுவதற்குச் சந்தேக நபர் இல்லை, மிரட்டப்படுவதற்குச் சாட்சிகளும் அநேகமாக இல்லை. ரகசியம் யாரைக் காக்க ஏற்பட்டதோ அவர்கள் எல்லோரும் போய்ச் சேர்ந்தபிறகும் ரகசியம் மட்டும் நிற்கிறது. சிகாகோவில் நடந்திருந்தால் திறந்திருக்கக்கூடிய ஆவணம் ஜார்ஜியாவில் நடந்ததால் மூடிக் கிடக்கிறது என்பதை அந்த நான்கு பேரின் வழித்தோன்றல்களுக்கு எந்த நியாயத்தைச் சொல்லி விளக்க முடியும்? பாஸ்டன் பகுதிக்கான முதலாம் வட்ட நீதிமன்றமும், வியட்நாம் போர் பற்றிய அரசின் ரகசிய ஆய்வறிக்கையான பென்டகன் ஆவணங்கள் தொடர்பான 1971ஆம் ஆண்டுச் சாட்சியங்களை வரலாற்றாசிரியர் ஜில் லெபோர் கேட்டபோது, 2022இல் மறுத்துவிட்டது.

இந்தப் பின்னணியோடு பார்த்தால் எப்ஸ்டீன் தீர்ப்புகள் எளிதில் விளங்கும். ஃபுளோரிடா பதினொன்றாம் வட்டத்துக்குள் வருவதால், அங்குள்ள நீதிபதி ராபின் ரோசன்பர்க், மூர்ஸ் ஃபோர்டு ஆவணங்களைப் பற்றிய 2020ஆம் ஆண்டின் முழு அமர்வுத் தீர்ப்பு தம் கைகளைக் கட்டியிருப்பதாகக் கூறி 2025 ஜூலையில் மறுத்தார். நியூயார்க் நீதிபதிகளுக்குக் கிரெய்க் தீர்ப்பு தந்த அதிகாரம் இருந்தது. அவர்கள் ஆவணங்களைப் படித்துப் பார்த்த பின்பே மறுத்தார்கள். மேக்ஸ்வெல் ஆவணங்களில் புதிதாகப் பொருட்படுத்தத்தக்க எதுவும் இல்லை, அவற்றிலுள்ள பெரும்பகுதி 2021ஆம் ஆண்டு விசாரணையிலேயே வெளிவந்துவிட்டது என்றார் நீதிபதி பால் எங்கல்மேயர். நீதிபதி ரிச்சர்ட் பெர்மன் இன்னும் நேராகவே சொன்னார்: நீதிமன்றத்திடம் கேட்கப்படுவது 70 பக்கம் சொச்சம், அரசின் கையில் ஏற்கெனவே இருப்பதோ 1,00,000 பக்கங்கள். அரசு தன்னிடமே இருக்கும் பெருங்குவியலை வெளியிடாமல், அதில் சிறு துணுக்கான கிராண்ட் ஜூரி ஆவணத்தை மட்டும் நீதிமன்றத்திடம் கேட்பதை அவர் சுட்டிக்காட்டியது முற்றிலும் நியாயம் என்றே கருதுகிறேன்.

பின்னர் எப்ஸ்டீன் ஆவணங்கள் தொடர்பான வெளிப்படைத்தன்மைச் சட்டம் பிரதிநிதிகள் சபையில் 427க்கு 1 என்ற வாக்குகளில் நிறைவேறி, நவம்பர் 19 அன்று அதிபரின் கையெழுத்தைப் பெற்றது. நாடாளுமன்றச் சட்டம் நடைமுறை விதியை மேவும் என்பதால், டிசம்பரில் முதலில் ஃபுளோரிடாவின் வேறொரு நீதிபதியும், அடுத்து எங்கல்மேயரும் பெர்மனும் வெளியிட அனுமதித்தார்கள். பாதிக்கப்பட்ட பெண்களின் அடையாளத்தைக் காக்க வேண்டும் என்பதில் நியூயார்க் நீதிபதிகள் கண்டிப்பாக இருந்தார்கள்.

ஒரு வழக்குக்காக நாடே கொந்தளித்தால் தனிச்சட்டம் வந்துவிடுகிறது. மூர்ஸ் ஃபோர்டுக்கு அப்படி வரவில்லை. இதற்கான வழி முன்பே முன்வைக்கப்பட்டதுதான். வரலாற்று முக்கியத்துவம் உள்ள ஆவணங்களை 30 ஆண்டுகளுக்குப் பின் நீதிமன்றம் திறக்கலாம் என விதியைத் திருத்தும்படி அன்றைய அட்டர்னி ஜெனரல் எரிக் ஹோல்டர் 2011இல் கோரினார். நீதிமன்றங்கள் தங்கள் உள்ளார்ந்த அதிகாரத்தைக் கொண்டே இத்தகைய மனுக்களைச் சரியாகக் கையாள்கின்றன, திருத்தம் தேவையில்லை என்று விதிகளுக்கான ஆலோசனைக் குழு 2012இல் அதைக் கைவிட்டது. அந்த அதிகாரமே இல்லை என்று மேல்முறையீட்டு நீதிமன்றங்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கூறிவிட்ட பிறகு, குழு அன்று சொன்ன காரணத்துக்கு அடிப்படை இல்லை. மக்கீவர் வழக்கை விசாரணைக்கு எடுக்க 2020இல் உச்ச நீதிமன்றம் மறுத்தபோது நீதிபதி பிரேயரும் குழு இதை மீண்டும் ஆராய வேண்டும் என்று எழுதினார். என் விருப்பமும் அதுதான்: ஆண்டு வரம்பை விதியிலேயே எழுதிவிட்டு, உயிரோடிருக்கும் சாட்சிக்கும் இறந்தவரின் குடும்பத்துக்கும் தங்கள் தரப்பைச் சொல்ல வாய்ப்பளித்து, கிரெய்க் தீர்ப்பின் அளவுகோல்களை எல்லா மாநிலங்களுக்கும் ஒன்றுபோலப் பொருந்தச் செய்ய வேண்டும்.