ரீமேப் கடைக்கு நோட்டீஸ் அனுப்பும் முன் அந்த விபத்து வழக்கைப் பாருங்கள்

ஈரோட்டு வாசகர் ஒருவர் எழுதிய நீண்ட கடிதத்தின் சுருக்கம் இது. 2013 மாடல் ஸ்விஃப்ட் டீசல், 1,40,000 கிலோமீட்டர் ஓடியது. மைலேஜ் 16-க்கு இறங்கிவிட்டதால் ஜனவரியில் கோவையில் ஒரு கடையில் 18,000 ரூபாய் கொடுத்து இன்ஜினை ரீமேப் செய்திருக்கிறார், அதாவது இன்ஜினைக் கட்டுப்படுத்தும் சாஃப்ட்வேரை மாற்றியிருக்கிறார். "20-க்குக் குறையாது, நான் கேரன்ட்டி" என்று கடைக்காரர் வாய்ஸ் மெசேஜ் அனுப்பியிருக்கிறார். டேஷ்போர்டு 21 காட்டுகிறது, டேங்க் நிரப்பிக் கணக்குப் பார்த்தால் அதே 16. கரும்புகை வேறு. ஜூலையில் டர்போவும் கிளட்ச்சும் போய் 74,000 ரூபாய் செலவு. கேட்கப்போனால் மனைவி எதிரிலேயே கேவலமாகப் பேசி, பத்தாயிரம் திருப்பித் தருகிறேன், பழைய சாஃப்ட்வேர் ஃபைலை ஏற்றித் தருகிறேன், அதற்கு மேல் ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டாராம். மோசடி வழக்கு, நுகர்வோர் வழக்கு, மன உளைச்சலுக்கு 5 லட்சம் என்று எல்லாவற்றையும் போட வேண்டும் என்கிறார். நோட்டீஸையும் அவரே எழுதி இணைத்திருக்கிறார்.

ஐயா, நாலு பக்கம் எழுதியிருக்கிறீர்கள். மூன்றாம் பக்கத்தில், மே மாதம் பெருந்துறை ரோட்டில் உங்கள் வண்டி ஒரு டூவீலர் மேல் மோதி, அதை ஓட்டியவருக்குக் கால் உடைந்து, அவர் 11 லட்சம் கேட்டு விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் மனு போட்டிருக்கிறார் என்று ஒரே வரியில் சொல்லிவிட்டு, "அதை இன்சூரன்ஸ் பார்த்துக்கொள்ளும்" என்று மறுபடி டர்போவுக்குப் போய்விட்டீர்கள். நான் அந்த ஒரு வரிக்குத்தான் பதில் சொல்லப் போகிறேன், ஏனென்றால் உங்கள் வீட்டுக்கு ஆபத்து அங்கேதான் இருக்கிறது.

உங்கள் நோட்டீஸ் வரைவில் ஆறாவது பாராவை எடுத்துப் பாருங்கள். "ரீமேப் செய்த நாள் முதல் ஆக்சிலேட்டரை லேசாக மிதித்தாலே வண்டி பாய்கிறது, கட்டுப்படுத்த முடியாமல் குடும்பத்தோடு போகவே பயமாக இருக்கிறது" என்று எழுதியிருக்கிறீர்கள். கடைக்காரர் மேல் உள்ள கோபத்தில் எழுதியது, புரிகிறது. ஆனால் இதைப் படிக்கப்போவது கடைக்காரர் மட்டும் இல்லை. ஜனவரி முதல் வண்டி கட்டுக்குள் இல்லை என்று தெரிந்தே மே மாதம் ரோட்டில் ஓட்டினேன் என்று நீங்களே கையெழுத்துப் போட்டுக் கொடுப்பதாகத்தான் இன்சூரன்ஸ் கம்பெனியின் வக்கீல் இதைப் படிப்பார். அந்த விபத்துக்காக உங்கள் மேல் போலீஸ் போட்ட கிரிமினல் கேஸிலும் இதே வாக்கியம் வந்து நிற்கும்.

அடுத்து தேதிகள். ஜனவரியில் ரீமேப், மார்ச்சில் பாலிசி புதுப்பிப்பு, மே மாதம் விபத்து. இந்த வரிசைதான் கெடுதல். மோட்டார் வாகனச் சட்டம் 150-வது பிரிவில், மூன்றாம் நபர் வழக்கில், அதாவது அடிபட்டவர் போடும் வழக்கில், பொறுப்பிலிருந்து விலக கம்பெனி என்னென்ன காரணம் சொல்லலாம் என்று வரையறுத்திருக்கிறார்கள். அதில் ஒன்று, முக்கியமான தகவலை மறைத்துப் பாலிசி எடுத்தது. இன்ஜினை மாற்றிய பிறகு, எந்த மாற்றமும் இல்லாத வண்டி என்ற கணக்கில் ஆன்லைனில் இரண்டு நிமிடத்தில் புதுப்பித்திருக்கிறீர்கள். கம்பெனி இந்த வாதத்தில் ஜெயித்துவிடும் என்று நான் சொல்லவில்லை. அது முக்கியமான தகவல்தான் என்று அவர்கள்தான் நிரூபிக்க வேண்டும், சாஃப்ட்வேரை மாற்றுவது 52-வது பிரிவு சொல்லும் வடிவமைப்பு மாற்றமே இல்லை என்று நானே உங்களுக்காக வாதாடுவேன். ஆனால் 2019-ல் உச்ச நீதிமன்றம், தயாரிப்பாளர் கொடுத்த விவரத்திலிருந்து வண்டியை மாற்றக் கூடாது என்று அந்தப் பிரிவைக் கறாராகவே படித்திருக்கிறது. அதே வருடத் திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவு, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதம் அல்லது 6 மாதம் வரை சிறை என்கிறது. புகையின் மாசைக் குறைக்கும் ஈ.ஜி.ஆர் வால்வையும் சேர்த்து மூடிவிட்டார்கள் என்று வேறு எழுதியிருக்கிறீர்கள். அது புகை சம்பந்தப்பட்டது, 190-வது பிரிவு தனியாக வரும். இத்தனையையும் எதிர்த்து வாதாடும் நிலைமைக்கு நீங்கள் ஏன் போக வேண்டும், அதுவும் 92,000 ரூபாய்க்காக?

இப்படி ஒருவர் மாட்டியதை நான் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன். ஆர்.சி.யில் ஏற்றாமல், எரிவாயுவில் ஓட்டுவதற்கான கேஸ் கிட் மாட்டிய கார். கிட் மாட்டிய கடையோடு முப்பதாயிரம் ரூபாய்த் தகராறு, வீம்புக்கு நுகர்வோர் ஆணையத்தில் கேஸ் போட்டார். அந்தப் புகாரின் சான்றிட்ட நகலை இன்சூரன்ஸ் தரப்பு வாங்கி விபத்து வழக்கில் தாக்கல் செய்தது. இவர் அங்கே ஆஜராகவே இல்லை. கம்பெனி பார்த்துக்கொள்ளும் என்று நினைத்து எக்ஸ்பார்ட்டி ஆகிவிட்டார், அதாவது அவர் இல்லாமலேயே வழக்கு நடந்தது. "கம்பெனி முதலில் கட்டட்டும், பிறகு உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளட்டும்" என்று உத்தரவு வந்தது. வசூலிக்கத் தனியாக வழக்குப் போட வேண்டியதில்லை, அதே தீர்ப்பாயத்திலேயே நிறைவேற்று மனு போட்டால் போதும். அவருக்கு விஷயம் தெரிந்ததே வீட்டை ஜப்தி செய்வதற்கான நோட்டீஸ் வந்தபோதுதான். முப்பதாயிரம் கேஸில் அவர் ஜெயித்தார், அதையும் சொல்ல வேண்டும்.

இன்சூரன்ஸ் கம்பெனியின் வக்கீல் உங்கள் வக்கீல் இல்லை. பலர் இதில்தான் ஏமாறுகிறார்கள். அவர் போன் செய்து "வண்டியில் ஏதாவது மாற்றம் செய்தீர்களா, சும்மா ஃபைலுக்குத்தான்" என்று கேட்பார், நீங்களும் மனசு விட்டுப் பேசுவீர்கள். அவருடைய கட்சிக்காரர் கம்பெனி. உங்களுக்கென்று தனியாக ஒரு வக்கீல் வக்காலத்து போட்டு, கவுண்டர் (பதில் மனு) தாக்கல் செய்து, ஒவ்வொரு வாய்தாவுக்கும் ஆஜராக வேண்டும். அவரிடம் ரீமேப் விஷயத்தை ஒன்று விடாமல் சொல்லுங்கள். பொய் சொல்லச் சொல்கிறேன் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். கூண்டில் ஏற்றி நேராகக் கேட்டால் உண்மையைத்தான் சொல்ல வேண்டும். யாரும் கேட்காதபோது நீங்களே எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்ப வேண்டாம், அவ்வளவுதான். கூகுளில் வண்டி நம்பரோடு ரிவ்யூ போட்டதாகச் சொல்கிறீர்கள். இப்போது அதை அழித்தால் இன்னும் தப்பாகத் தெரியும், விடுங்கள். இனி எதுவும் எழுதாதீர்கள்.

கடைக்காரர் மேல் உள்ள கேஸைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். மைலேஜ் விஷயத்தில் வாய்ஸ் மெசேஜ் இருக்கிறது, ஜிபே ரசீது இருக்கிறது, 18,000 ரூபாய் கேட்பதில் நியாயமும் இருக்கிறது. டர்போ அப்படி இல்லை. 1,40,000 ஓடிய டர்போ ரீமேப்பால்தான் போனது என்று நிரூபிக்க வேண்டியது நீங்கள்தான், சேவைக் குறைபாட்டைப் புகார்தாரர்தான் நிரூபிக்க வேண்டும் என்று 2021-ல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. பழைய டர்போவை எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிட்டீர்கள். இனி நிபுணர் எதைப் பார்த்து ரிப்போர்ட் கொடுப்பார்? மோசடி வழக்குக்கு ஆரம்பத்திலிருந்தே ஏமாற்றும் எண்ணம் இருந்ததைக் காட்ட வேண்டும், ஸ்டேஷனில் இதை சிவில் விவகாரம் என்று திருப்பி அனுப்புவார்கள். மனைவி எதிரில் பேசியது வருத்தமான விஷயம், ஆனால் அதற்கு 5 லட்சம் கிடைக்காது.

ஆகவே சமரசம் செய்துகொள்ளுங்கள். பத்தாயிரம் என்கிறவரிடம் பதினெட்டைக் கேளுங்கள், பதினைந்தில் நின்றாலும் வாங்கிக்கொள்ளுங்கள். பணம் வங்கிக் கணக்கில் வரட்டும். பழைய ஃபைலை ஏற்றி ஈ.ஜி.ஆரைத் திறந்ததற்குத் தேதி போட்ட பில் வாங்குங்கள். ஏற்றுவதற்கு முன் இப்போது இருக்கும் ஃபைலை வேறு கடையில் ரீட் செய்து நகல் எடுத்து, அதற்கும் பில்லோடு பத்திரமாக வையுங்கள். நாளைக்கு ஆதாரத்தை அழித்தார் என்று யாரும் சொல்ல முடியாது. இதிலும் ஒரு பொறி இருக்கிறது. விபத்துக்குப் பிறகு போலீஸிடமிருந்து வண்டியை கோர்ட் உத்தரவின் பேரில் திரும்ப எடுத்திருந்தால், வண்டியில் மாற்றம் செய்யக் கூடாது என்று பெரும்பாலும் நிபந்தனை போட்டிருப்பார்கள். பழைய ஃபைலை ஏற்றுவதுகூட மாற்றம்தான். அந்த உத்தரவை உங்கள் வக்கீலிடம் காட்டாமல் கடைக்குப் போகாதீர்கள்.

பணம் கொடுக்கும்போது கடைக்காரர் ஒரு பேப்பரை நீட்டுவார், "உரிமையாளரின் விருப்பத்தின் பேரில், அவருடைய பொறுப்பில் இன்ஜின் மாற்றம் செய்யப்பட்டது" என்று அதில் இருக்கும். அதில் கையெழுத்துப் போட்டால் நோட்டீஸ் அனுப்பியதும் ஒன்றுதான், அனுப்பாததும் ஒன்றுதான். பணம் பெற்றுக்கொண்டேன், இனி கோரிக்கை இல்லை என்ற இரண்டு வரிக்கு மேல் எதிலும் கையெழுத்து வேண்டாம்.

சமரசத்துக்கு வரவே மாட்டார் என்றாலும் அவசரப்பட வேண்டாம். நுகர்வோர் புகாருக்கு இரண்டு வருடம் அவகாசம் இருக்கிறது, விபத்து வழக்கு போகும் போக்கைப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம். தீர்ப்பாயத்தில் அடுத்த வாய்தா எப்போது என்று கடிதத்தில் நீங்கள் எழுதவில்லை. சம்மனை எடுத்து இன்றைக்கே தேதியைப் பாருங்கள். அது தாண்டிப் போயிருந்தால், எக்ஸ்பார்ட்டி உத்தரவை ரத்து செய்யும் மனுவைப் போடுவதுதான் உங்கள் முதல் வேலை, கடைக்காரர் அப்புறம்.