‘பிளேடுக்கு கேரண்டி கிடையாது’ என்று கடைக்காரர் கைவிரித்தால்?

கேள்வி: மன்னார்குடி பக்கம் டைல்ஸ் ஒட்டும் வேலை செய்கிறேன். கூட ஒரு உதவியாள் உண்டு. தை மாதக் கிரகப்பிரவேச வேலை ஒன்றுக்காக, ஹார்டுவேர் கடையில் ‘டபுள் சார்ஜ் டைல்ஸ் வெட்டணும்’ என்று சொல்லி 4 இஞ்ச் டைமண்ட் பிளேடு இரண்டு வாங்கினேன். பல் பல்லாக இருக்கும் பிளேடைத்தான் கொடுத்தார். பில் தரவில்லை, பணம் ஜிபேயில் போட்டேன். முதல் நாளே ஓரம் உதிர்ந்து ஒன்பது டைல்ஸ் வீண். மறுநாள் வெட்டும்போது பிளேடின் பல் ஒன்று பெயர்ந்து இடது கையில் பாய்ந்தது. ஏழு தையல், மூன்று வாரம் வேலை இல்லை. வீணான டைல்ஸுக்கு வீட்டுக்காரர் கூலியில் பிடித்துக்கொண்டார். கடைக்காரர், ‘பிளேடுக்கு கேரண்டி கிடையாது, தொழிலுக்கு வாங்கியவன் கன்ஸ்யூமர் கோர்ட்டுக்குப் போக முடியாது, நீ ஓட்டின விதம் தப்பு’ என்கிறார். மெஷினின் கார்டை (பிளேடை மூடும் பாதுகாப்புத் தகட்டை) கழற்றிவிட்டுத்தான் வெட்டினேன், மறைக்கவில்லை. எனக்கு வழி உண்டா?

பதில்: உண்டு. கடைக்காரர் சொன்ன மூன்றில் முதல் இரண்டும் நிற்காது. மூன்றாவது நிற்கக்கூடியது.

தொழிலுக்கு வாங்கினாலும், சொந்தக் கையால் உழைத்துப் பிழைக்க வாங்கியவர் நுகர்வோர்தான். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் விளக்கமே அப்படிச் சொல்கிறது. உதவியாள் இருக்கிறாரே என்று தயங்க வேண்டாம். லட்சுமி என்ஜினீயரிங் ஒர்க்ஸ் வழக்கில் 1995-லேயே உச்ச நீதிமன்றம், பிழைப்புக்காகத் தானே ஓட்ட லேத் வாங்கியவர் ஒன்றிரண்டு பேரை உதவிக்கு வைத்துக்கொண்டாலும் நுகர்வோரே என்று சொல்லிவிட்டது.

கேரண்டி விஷயத்துக்கு 1930-ஆம் ஆண்டு சரக்கு விற்பனைச் சட்டத்தின் 16-ஆம் பிரிவு போதும். இன்ன வேலைக்கு வேண்டும் என்று சொல்லி, அந்தச் சரக்கை விற்பதே தொழிலாக உள்ளவரின் அனுபவத்தை நம்பி வாங்கினால், பொருள் அந்த வேலைக்குத் தகுந்ததாக இருக்க வேண்டும். நீங்கள் டைல்ஸின் ரகத்தையே சொல்லிக் கேட்டிருக்கிறீர்கள். பணம் வாங்கியபோது சொல்லாத நிபந்தனையை, ரத்தம் வந்த பிறகு சொன்னால் செல்லாது.

இனி மூன்றாவது. காயம் பட்ட நேரத்தில் பொருள் தவறாகப் பயன்படுத்தப்பட்டிருந்தால், விற்றவர் மீது பொருள் பொறுப்பு வழக்கு (குறையுள்ள பொருளால் வந்த பாதிப்புக்கு இழப்பீடு கேட்பது) தொடுக்க முடியாது என்கிறது நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 87-ஆம் பிரிவு. எதிர்த்தரப்பு வக்கீல் கேட்கப்போவதை நானே இப்போது கேட்டுவிடுகிறேன். பிளேடில் அச்சிட்டிருக்கும் அதிகபட்சச் சுற்று, உங்கள் மெஷினின் சுற்றைவிடக் கூடுதல்தானா? சின்ன கட்டர்கள் நிமிடத்துக்கு 12,000 சுற்று அளவில் ஓடுபவை. 20 மி.மீ. துளை பிளேடை, 16 மி.மீ. துளைக்கான சின்ன கிரைண்டரில் சரியான வளையம் இல்லாமல் மாட்டினீர்களா? பிளேடிலுள்ள அம்புக்குறி சுழலும் பக்கம் இருந்ததா? வெட்டிய ஓரத்தைத் தேய்க்க பிளேடின் பக்கவாட்டை உபயோகித்தீர்களா? கடைசியாக, வெட்டு ஓடாதபோது என்ன செய்தீர்கள்?

இந்தக் கடைசிக் கேள்வியில்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். டபுள் சார்ஜ் என்பது விட்ரிஃபைட் ரகம், அதாவது கண்ணாடிபோல் இறுகச் சுட்ட டைல்ஸ். அது தன் எடையில் அரை சதவீத நீர்கூட உறிஞ்சாது, அத்தனை இறுக்கம். அதை வெட்டும்போது வைரத் துகள் மழுங்கும். அதைப் பிடித்திருக்கும் உலோகம் கெட்டியாக இருந்தால் தேயாது, அடியிலுள்ள புது வைரம் மேலே வராது. வெட்டு நின்றுவிடும். அப்போது கை தானாக அழுத்தும், சூடு ஏறும், தகடு நெளியும், பல்லின் பிடி விடும். நான்கைந்து வெட்டு செங்கல்லில் ஓட்டினால் உலோகம் தேய்ந்து புது வைரம் வெளியே வரும். நடுநடுவே நிறுத்தி ஆறவிட வேண்டும். தண்ணீர் வேண்டிய பிளேடுக்குத் தண்ணீர் விட வேண்டும். இதையெல்லாம் செய்தீர்கள் என்றால் உதவியாளும் வீட்டுக்காரரும் சாட்சி சொல்லட்டும்.

அதே விஷயம் உங்களுக்குச் சாதகமாகவும் திரும்பும். இறுகிய டைல்ஸுக்கு ஏற்றது, பிணைக்கும் உலோகம் மென்மையாக உள்ள, பல் இல்லாத முழு விளிம்பு பிளேடு. பல் பிளேடு கான்கிரீட்டுக்கும் கல்லுக்கும் பழகியது. டைல்ஸ் ரகத்தைச் சொல்லியும் பல் பிளேடைக் கொடுத்தார் என்பதும், முதல் நாளே ஓரம் உதிர்ந்தது என்பதும் பொருத்தமற்ற சரக்கை விற்றதற்கு நல்ல ஆதாரம்.

ஆகவே உடைந்த பிளேடைத் துடைக்காமல் அப்படியே கவரில் போட்டு வையுங்கள். பெயர்ந்த இடத்தைச் சுற்றித் தகடு நீலம் பாய்ந்திருந்தால் சூடேறியது என்று வாதம் வரும். நிறம் மாறாமல் பல் மட்டும் கழன்றிருந்தால் ஒட்டின இடத்தின் குறை என்று நாம் வாதிடலாம். பிரிக்காத இரண்டாவது பிளேடு இருந்தால் அதைத் தொடவே வேண்டாம். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 38-ஆம் பிரிவின்படி நுகர்வோர் ஆணையம் அதை ஆய்வகத்துக்கு அனுப்பலாம். அட்டை உறையையும் தூக்கிப் போடாதீர்கள். தயாரித்தவர் யார் என்றே தெரியாவிட்டால், அதே சட்டத்தின் 86-ஆம் பிரிவில் பொறுப்பு கடைக்காரர் தலையில் விழும்.

கார்டைக் கழற்றியது உங்களுக்குப் பலவீனம், ஒளிக்கக் கூடாது. பல் கழன்றதற்குக் காரணம் அதுவல்ல. ஆனால் கை காயப்பட்டதற்கு அதுவும் ஒரு காரணம் என்று இழப்பீடு குறையலாம். மனுவில் நாமே சொல்லிவிடுவது நல்லது. கோடு தெரியவில்லை என்று கழற்றுவது டெல்டா முழுக்க நான் பார்க்கும் வழக்கம். தயவுசெய்து இனி வேண்டாம்.

பில் இல்லாதது தடையல்ல. ஜிபே பதிவு போதும். பில் தராததே முறையற்ற வணிகம். அரசு மருத்துவமனை என்றால் ஏ.ஆர். காப்பியை (விபத்துப் பதிவேட்டின் நகலை) வாங்கிக்கொள்ளுங்கள். முதலில் கடைக்கு ஸ்பீடு போஸ்ட்டில் நோட்டீஸ், 15 நாள் அவகாசம். அப்புறம் திருவாரூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு. நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம். பொருளின் விலை 5 லட்சம் ரூபாய்க்குள் என்பதால் கட்டணம் இல்லை. விபத்து நடந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் போட வேண்டும். கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிந்திருந்தால் அங்கேயும் தனியாக விண்ணப்பியுங்கள்.

வீட்டுக்காரரிடம் சண்டை வேண்டாம். வெட்டில் கொஞ்சம் சேதாரம் வரும் என்பது அவருக்கும் தெரியும், ஆனால் ஒன்பது அதிகம். எத்தனை டைல்ஸ், என்ன விலை, கூலியில் எவ்வளவு பிடித்தார் என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். அந்தத் தொகையையும் கடைக்காரரிடம் கேட்கும் இழப்பீட்டில் சேர்த்துவிடலாம்.