சிங்கத்துக்கு ஏன் மொட்டை போடுகிறார்கள்?

தங்கச்சிமடம் வாசிப்பு வட்டத்தில் இந்த மாதம் பதில் சொல்வது என் முறை. மாயாஜாலக் கதைகளுக்குள் கிறிஸ்தவம் எப்படி வருகிறது, அதை வைத்து ஏன் அரசியல் சண்டை என்பதுதான் பேச்சு. துண்டுச்சீட்டில் வந்த கேள்விகளில் சிலவற்றை இங்கே எழுதியிருக்கிறேன்.

நார்னியா என்ற குழந்தைக் கதை வரிசையில் வரும் சிங்கம் ஏசுநாதர்தான் என்கிறார்கள். எழுதியவரே அது உருவகக் கதை இல்லை என்றாராமே, டீச்சர்? (பாம்பன்)

சொன்னார். விலங்குகள் பேசுகிற உலகம் ஒன்று இருந்து, அங்கே கடவுளின் மகன் வந்தால் எப்படி வருவார் என்று யோசித்ததாகத்தான் சி.எஸ். லூயிஸ் விளக்கினார். எனக்கு அது வக்கீல் வாதம் மாதிரிப் படும். 1950இல் வந்த முதல் கதையிலேயே, மிட்டாய்க்கு ஆசைப்பட்டுக் கூடப் பிறந்தவர்களைக் காட்டிக்கொடுத்த பையனுக்குப் பதிலாக அஸ்லான் என்ற சிங்கம் கல்மேசையில் கட்டுண்டு சாகிறது. விடியும்போது எழுகிறது. முதலில் பார்ப்பவர்கள் இரண்டு பெண்பிள்ளைகள். ஏசுவின் பாடுகளைக் காட்டும் பாஸ்கா நாடகம் பார்த்து வளர்ந்த நமக்கு இதற்குமேல் விளக்கவுரை வேண்டுமா?

ஆனால் ஒன்று. இந்தக் கதை படமாகி டிவிடியாக வந்த சமயம், இங்கே திடலில் வேட்டியைக் கட்டி ஓட்டினோம். கச்சான் காற்றில் வேட்டி உப்ப, சிங்கத்தின் முகமும் உப்பும். ஆங்கில வசனத்தை நான் மைக்கில் தமிழில் சொல்லிக்கொண்டிருந்தேன். பிடரியைச் சிரைக்கும் இடத்தில் எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. முன்வரிசையில் ஒரு பொடியன், "சிங்கத்துக்கு ஏன் டீச்சர் மொட்டை போடுறாங்க? நேர்ச்சையா?" என்றான். திடலே சிரித்தது. ராமேஸ்வரத்தில் இருந்து வந்திருந்த பூக்கார அம்மா மட்டும் சிரிக்கவில்லை. "நரசிம்மத்தைப் போய் இப்படிக் கட்டிப்போடலாமா?" என்று முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். லூயிஸ் பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ!

தலைப்பாகை, வளைந்த வாள், கறுத்த முகம் என்று நார்னியாவின் எதிரிகளான கலோர்மென் மக்களைக் காட்டுவது மனதை உறுத்தியது. என் பிள்ளைகளுக்குக் கொடுக்கலாமா? (கீழக்கரை)

உறுத்தியது நியாயம் சகோதரி. சப்பைக்கட்டு கட்ட மாட்டேன். அந்தக் காலத்து ஆங்கிலேயர் கண்ணில் கிழக்கு எப்படித் தெரிந்ததோ, அதை அப்படியே இறக்கி வைத்திருக்கிறார். வேடிக்கை என்னவென்றால், அஸ்லான் என்ற பெயரே துருக்கிச் சொல். சிங்கம் என்றுதான் அர்த்தம்.

இதே லூயிஸ் 1956இல் வெளியிட்ட கடைசி நார்னியா புத்தகத்தில் எமெத் என்று ஒரு கலோர்மென் வீரன் வருகிறான். வாழ்நாள் முழுக்க தாஷ் என்ற தெய்வத்தைக் கும்பிட்டவன். அவனை அஸ்லான் சேர்த்துக்கொள்கிறது. நீ தாஷுக்கு உண்மையாகச் செய்ததெல்லாம் எனக்குச் செய்ததே என்கிறது. வேறு சாமியைக் கும்பிட்டவனுக்கு மோட்சமா என்று கடுமையான கிறிஸ்தவர்கள் சிலர் லூயிஸைத் திட்டுவது இந்த இடத்துக்காகத்தான். கொடுங்கள், ஆனால் பக்கத்தில் உட்கார்ந்து சேர்ந்து படியுங்கள்.

குழந்தைக் கதைக்குள் அரசியல் எப்படி வந்தது? (மண்டபம், கல்லூரி மாணவர்)

என் கணக்கில், கதை வீட்டில் கிடக்கும்வரை யாரும் சண்டை போடுவதில்லை தம்பி. அரசாங்கமோ பெரிய பணமோ அதை எடுத்துப் பிள்ளைகள் கையில் கொடுக்கும்போதுதான் தகராறு. 2005இல் நார்னியா படம் வரும் நேரம் பார்த்து, அமெரிக்காவின் ஃப்ளோரிடா மாநிலத்தில் பள்ளி வாசிப்புப் போட்டிக்கு இந்தப் புத்தகத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். அப்போது ஆளுநர் ஜெப் புஷ், அதாவது அன்றைய ஜனாதிபதி ஜார்ஜ் புஷ்ஷின் தம்பி. அரசும் மதமும் தனித்தனியே இருக்க வேண்டும் என்ற அமைப்பினர் எதிர்த்தார்கள். இங்கிலாந்தில் பாலி டாயின்பி என்ற கட்டுரையாளர் கார்டியன் பத்திரிகையில் கதையைக் கிழித்துத் தொங்கவிட்டார்.

இரண்டு வருஷம் கழித்து அப்படியே தலைகீழ். கடவுள் நம்பிக்கை இல்லாத ஃபிலிப் புல்மனின் கதை படமானது. தேவாலயத்தைத் தாக்கும் இடங்களை மழுப்பித்தான் எடுத்திருந்தார்கள். அப்படியும் அமெரிக்காவின் கத்தோலிக்க லீக் புறக்கணிக்கச் சொன்னது. படத்தைப் பார்த்துப் பிள்ளைகள் புத்தகத்தை வாங்கிவிடுவார்களே என்ற பயம்!

மோதிரக் கதையில் ஏசு எங்கே? (ஓரியூர்)

பெயராக எங்கேயும் இல்லை. மோதிரக் கதையான 'தி லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' எழுதிய டோல்கீன் பூசைக்குப் போகிற கத்தோலிக்கர், ஆனால் உருவகக் கதை பிடிக்காது என்று முன்னுரையிலேயே எழுதியவர். ஆனாலும் மோதிரம் அழியும் தேதியைப் பாருங்கள். மார்ச் 25. நமக்கு மங்கள வார்த்தைத் திருநாள், வானதூதர் மரியாளுக்குச் செய்தி சொன்ன நாள்!

இந்தக் கதையை 1960களில் அமெரிக்க ஹிப்பிகள் தூக்கிக்கொண்டு திரிந்தார்கள். 1977இல் இத்தாலியில் முசோலினி வழிவந்த கட்சியின் இளைஞர்கள் இதே கதையின் குள்ளர்கள் பெயரில் ஹாபிட் முகாம் நடத்தினார்கள். இன்றைய பிரதமர் மெலோனியும் டோல்கீன் பக்தை. அவருக்கு அதில் பாரம்பரியம் தெரிகிறது, ஹிப்பிக்கு மரம் தெரிந்தது.

தமிழில் இப்படி உண்டா? (தொண்டி)

ஏன் இல்லை? வீரமாமுனிவரின் தேம்பாவணி இருக்கிறது, அது சூசையப்பர் காப்பியம். ஆனால் நீங்கள் கேட்பதற்குப் பக்கத்தில் வருவது எச்.ஏ. கிருஷ்ணபிள்ளையின் இரட்சணிய யாத்திரிகம், 1894. வைணவக் குடும்பத்தில் பிறந்து கம்பனில் ஊறியவர். மூலம் ஜான் பன்யன் என்ற ஆங்கிலேயர் எழுதிய உருவகக் கதை. அனுமதி இல்லாமல் பிரசங்கம் செய்ததற்காக 12 வருஷம் சிறையில் கிடந்த மனுஷன் அவர். அரசியல் சண்டை புதிது என்று நினைக்காதீர்கள்.

ஹாரி பாட்டர் படித்தால் ஃபாதர் திட்டுவாரா? (ஏழாம் வகுப்பு)

கடைசிப் புத்தகத்தில் ஹாரியின் அப்பா அம்மா கல்லறையில் இருப்பது 1 கொரிந்தியர் 15:26, கடைசியாக அழிக்கப்படும் பகைவன் சாவு என்ற வசனம். ஃபாதரிடம் அந்த வசனத்தைச் சொல்லிப் பார். புத்தகம் என்னிடம் இருக்கிறது, அட்டைதான் கிழிந்துபோச்சு. நெத்திலிக் கையோடு மட்டும் தொடாதே.