அமெரிக்காவின் தென் கரோலினா மாநிலத்தின் முதல் காங்கிரஸ் (நாடாளுமன்ற) தொகுதி 2018-ல் ஏன் கட்சி மாறியது, அப்புறம் ஏன் திரும்பிப் போனது?

2016-ல் குடியரசுக் கட்சியின் ட்ரம்ப் சுமார் 13 சதவீதப் புள்ளி வித்தியாசத்தில் ஜெயித்த இந்தக் கடலோரத் தொகுதியில், இரண்டே வருடத்தில் ஜனநாயகக் கட்சிக்காரர் எப்படி ஜெயித்தார், அது ஏன் நிலைக்கவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். சுருக்கமாகச் சொன்னால், ஜெயித்ததற்குக் காரணம் கடல். நிலைக்காததற்குப் பாதிக் காரணம் அந்த வருடத்து அரசியல் காற்று, மீதிப் பாதி தொகுதியின் எல்லைக்கோடு. அந்தக் கோட்டுக்கு நூற்று நாற்பது வருடக் கதை இருக்கிறது, அதைச் சொல்லாமல் 2018-ஐ மட்டும் பேசினால் விஷயம் புரியாது.

நான் குடியிருப்பது மவுண்ட் பிளெசன்டில். ராவெனல் பாலத்தில் ஏறி ஆற்றைக் கடந்தால் சார்ல்ஸ்டன் நகரம். பாலத்துக்கு இந்தப் பக்கம் முதல் தொகுதி, அந்தப் பக்கம் இறங்கினால் ஆறாவது தொகுதி. பாலத்துக்கே இந்தத் தொகுதியின் முன்னாள் உறுப்பினர் ஆர்தர் ராவெனலின் பெயர்தான். ஒரே துறைமுகம், ஒரே வெள்ளப் பிரச்சினை, ஒரே உள்ளூர்ச் செய்தி, ஆனால் வாஷிங்டனில் பேச வேறு வேறு ஆட்கள். இது தற்செயலாக அமைந்ததில்லை.

அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையில் பதவியேற்ற முதல் கறுப்பினத்தவரை அனுப்பியது இதே முதல் தொகுதிதான். 1870 டிசம்பரில் ஜோசப் ரெய்னி. ஜார்ஜ்டவுனில் அடிமையாகப் பிறந்தவர், முடிதிருத்தும் தொழில் செய்தவர். உள்நாட்டுப் போரில் சார்ல்ஸ்டன் கோட்டை வேலைக்குக் கட்டாயமாக இழுத்துப் போனார்கள், அங்கிருந்து தப்பி பெர்முடாவுக்குப் போய், போர் முடிந்த பிறகு ஊர் திரும்பினார்.

பக்கத்து போஃபோர்ட் பகுதியில் ராபர்ட் ஸ்மால்ஸ். 1862 மே 13 விடியற்காலை, வெள்ளை அதிகாரிகள் கரையில் தூங்கிக்கொண்டிருந்தபோது, 'பிளான்டர்' என்ற தென்மாநிலப் படையின் கப்பலை சார்ல்ஸ்டன் துறைமுகத்திலிருந்து ஓட்டிக்கொண்டே போய்விட்டார். அவரும் மாலுமிகளும் அடிமைகள். வழியில் குடும்பத்தினரை ஏற்றிக்கொண்டு, கப்பல் தலைவனின் வைக்கோல் தொப்பியை மாட்டிக்கொண்டு, ஒவ்வொரு கோட்டையையும் கடக்கும்போது சரியான விசில் சைகை கொடுத்து, சம்டர் கோட்டையையும் தாண்டி, வடக்குப் படையிடம் கப்பலை ஒப்படைத்தார். பிற்பாடு தன்னை அடிமையாக வைத்திருந்த குடும்பத்தின் வீட்டையே விலைக்கு வாங்கினார், காங்கிரஸுக்கும் பலமுறை தேர்வானார். இந்த ஊரில் அவரைப் பற்றிப் படிக்கிற ஒவ்வொரு முறையும் எனக்குச் சிலிர்க்கும்.

இவர்களை எப்படி வெளியேற்றினார்கள் என்பதில்தான் கோடு வருகிறது. அப்போது தென் கரோலினாவில் கறுப்பினத்தவர்தான் பெரும்பான்மை. 1882-ல், மாநில ஆட்சியைக் கையில் வைத்திருந்த வெள்ளையர்களின் ஜனநாயகக் கட்சிக்காரர்கள் இரண்டு காரியம் செய்தார்கள். ஒன்று, பதவிக்கு ஒரு பெட்டி என்று எட்டு வாக்குப்பெட்டி வைத்து, சீட்டைத் தவறான பெட்டியில் போட்டால் செல்லாது என்று சட்டம் போட்டார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கு எந்தப் பெட்டி எது என்று எப்படித் தெரியும்? இன்னொன்று, கறுப்பின வாக்காளர்களை முடிந்தவரை ஒரே தொகுதிக்குள் அடைக்கிற மாதிரி ஏழாவது தொகுதியை வளைத்து நெளித்து வரைந்தார்கள். ஒரு இடத்தை விட்டுக்கொடுத்து மற்ற எல்லாவற்றையும் பத்திரப்படுத்திக்கொள்கிற கணக்கு. 1895-ல் புது மாநில அரசியல் சாசனம் எழுதி அந்த ஓட்டுரிமையையும் ஏறக்குறைய முழுசாகப் பிடுங்கினார்கள். அந்த மாநாட்டில் ஸ்மால்ஸ் உறுப்பினராக உட்கார்ந்து எதிர்த்துப் பேசினார், பலனில்லை. 1897-ல் மாநிலத்தின் கடைசிக் கறுப்பின காங்கிரஸ் உறுப்பினர் ஜார்ஜ் வாஷிங்டன் மர்ரியின் பதவிக்காலம் முடிந்தது, மாநிலத்தின் அடுத்த கறுப்பின உறுப்பினராக ஆறாவது தொகுதியின் ஜிம் கிளைபர்ன் பதவியேற்றது 1993-ல். இடையில் 96 வருடம்.

அதற்கப்புறம் இருந்த பழைய தெற்கத்திய ஜனநாயகக் கட்சி இன்றைய கட்சியே இல்லை. அந்தப் பழைய கட்சியின் மெண்டல் ரிவர்ஸ் 1941 முதல் 1970-ல் இறக்கும்வரை இந்தத் தொகுதியை வைத்திருந்தார், 1965-லிருந்து ராணுவக் குழுவின் தலைவர், இனப்பிரிவினையை ஆதரித்தவர். இன்னொரு ராணுவத் தளம் கொண்டுவந்தால் சார்ல்ஸ்டன் கடலில் மூழ்கிவிடும் என்று சக உறுப்பினர்களே அவரைக் கிண்டல் செய்யும் அளவுக்குத் தளங்களைக் கொண்டுவந்து குவித்தார். 1980-ல் குடியரசுக் கட்சியின் டாமி ஹார்ட்னெட் ஜெயித்தார். அதிலிருந்து 2018 வரை தொகுதி அந்தக் கட்சியிடமே இருந்தது. 1996-ல் கடற்படைத் தளம் மூடப்பட்ட பிறகுகூட மாறவில்லை, ஏனென்றால் கடற்கரைப் பக்கம் ஓய்வுக்காலத்துக்கு வந்து குடியேறியவர்களும் புறநகரில் வீடு வாங்கியவர்களும் அந்த இடத்தை நிரப்பிவிட்டார்கள்.

சரி, 2018. அப்போதைய உறுப்பினர் மார்க் சான்ஃபோர்ட் குடியரசுக் கட்சிக்காரராக இருந்தும் அடிக்கடி ட்ரம்பை விமர்சிப்பவர். உட்கட்சித் தேர்தல் நாளன்று, வாக்குப்பதிவு முடிய சில மணி நேரம் இருக்கும்போது ட்ரம்ப் அவருக்கு எதிராக ட்வீட் போட்டார், சான்ஃபோர்ட் கேட்டி ஆரிங்டனிடம் தோற்றார். அந்த வருட ஜனவரியில்தான் ட்ரம்ப் அரசு அட்லாண்டிக் கடலில் எண்ணெய் தோண்ட அனுமதிக்கும் திட்டத்தை வெளியிட்டிருந்தது. ஆரிங்டன் முதலில் ஆதரவாகப் பேசினார், எதிர்ப்பு கிளம்பிய பிறகு மாற்றிக்கொண்டார், ஆனால் அதற்குள் விஷயம் கைமீறிப் போய்விட்டது. இங்கே சுற்றுலா, இறால் பிடிப்பு, கடற்கரை வீடுகளின் விலை எல்லாமே சுத்தமான தண்ணீரை நம்பித்தான் இருக்கின்றன. எண்ணெய்க் கறை என்ற பேச்சு வந்தாலே கட்சி அடையாளம் பின்னால் போய்விடும். கடற்கரை ஊர்களின் குடியரசுக் கட்சி மேயர்கள் சிலரே ஜனநாயகக் கட்சி வேட்பாளர் ஜோ கன்னிங்ஹாமை ஆதரித்தார்கள். கடல் பொறியியல் படித்த வழக்கறிஞர் அவர். சுமார் 4,000 ஓட்டில் ஜெயித்தார்.

ஜெயித்த பிறகும் அந்த விஷயத்தை விடவில்லை. 2019 மார்ச்சில் பிரதிநிதிகள் சபையின் ஒரு குழு விசாரணையில், கடலடியில் எண்ணெய் தேடுவதற்கு வெடிக்கிற காற்றுத் துப்பாக்கிகள் திமிங்கிலங்களைப் பெரிதாகப் பாதிக்காது என்ற வாதம் நடந்துகொண்டிருந்தபோது, மீன்வளத் துறை அதிகாரியைப் பார்த்துக்கொண்டே ஒரு கை ஹாரனை எடுத்து அறைக்குள் அடித்தார். இது தொந்தரவாக இருக்கிறதா, பத்து வினாடிக்கு ஒருமுறை நாள் கணக்கில் அடித்தால் எப்படி இருக்கும் என்று கேட்டார். கடலோரத் தோண்டலைத் தடுக்கும் அவருடைய மசோதா அதே வருடம் செப்டம்பரில் பிரதிநிதிகள் சபையில் நிறைவேறியது, செனட்டைத் தாண்டவில்லை. 2020 செப்டம்பரில், தேர்தலுக்கு இரண்டு மாதம் முன்பு, ட்ரம்பே தென் கரோலினா கடலுக்கும் தோண்டல் தடையை நீட்டித்தார். கன்னிங்ஹாமின் முக்கிய ஆயுதம் அங்கேயே மழுங்கிவிட்டது என்பது என் கணிப்பு. சிட்டடெல் ராணுவக் கல்லூரியின் மாணவர் படையில் பட்டம் பெற்ற முதல் பெண்ணான குடியரசுக் கட்சியின் நான்சி மேஸிடம் சுமார் 5,400 ஓட்டில், அதாவது ஒரு சதவீதத்துக்குக் கொஞ்சம் அதிகமான வித்தியாசத்தில் தோற்றார்.

அடுத்தது மறுவரையறை. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், எல்லாத் தொகுதிக்கும் சமமாக வர வேண்டிய அளவைவிட முதல் தொகுதியில் சுமார் 88,000 பேர் அதிகம், கிளைபர்னின் ஆறாவது தொகுதியில் கிட்டத்தட்ட அதே அளவு குறைவு. அதனால் கோடு நகரத்தான் வேண்டும், அதில் தப்பில்லை. ஆனால் யாரை நகர்த்தினார்கள் என்று பாருங்கள். சார்ல்ஸ்டன் மாவட்டத்திலிருந்து சுமார் 30,000 கறுப்பின மக்கள் ஆறாவது தொகுதிக்குப் போனார்கள். 2013-ல் உச்ச நீதிமன்றம் வாக்குரிமைச் சட்டத்தின் முன் அனுமதி விதியைச் செயலிழக்க வைத்த பிறகு வரைந்த முதல் வரைபடம் இது, வாஷிங்டனில் யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியிருக்கவில்லை. 2023 ஜனவரியில் மூன்று நீதிபதிகள் அமர்வு இது இன அடிப்படையிலான பிரிப்பு, செல்லாது என்றது. 2024 மே 23-ல் உச்ச நீதிமன்றம் 6-3 என்று அதைப் புரட்டிப்போட்டது. கட்சி லாபத்துக்காக வரைந்தோம், இனத்துக்காக இல்லை என்ற மாநிலத்தின் வாதம் நின்றது. கட்சி லாபத்துக்காக வரைவதில் தலையிட மாட்டோம் என்று அதே நீதிமன்றம் 2019-லேயே சொல்லிவிட்டதால், அந்த வாதமே கேடயமாகிவிட்டது. கறுப்பினத்தவர் பெரும்பாலும் ஜனநாயகக் கட்சிக்கே ஓட்டுப் போடுகிற, இனமும் கட்சியும் இவ்வளவு ஒட்டிக் கிடக்கிற மாநிலத்தில் இரண்டையும் பிரித்துக் காட்டு என்று மக்களிடம் கேட்பது அநியாயம் என்றுதான் எனக்குப் படுகிறது.

ஒரு விஷயத்தை நேர்மையாகச் சொல்ல வேண்டும். புதுக் கோட்டால் தொகுதியில் குடியரசுக் கட்சியின் ஓட்டுப் பங்கு கூடியது ஒன்றரைப் புள்ளிக்கும் குறைவு. 2022-ல் மேஸ் 14 புள்ளியில் ஜெயித்ததற்கு எல்லைக்கோட்டை மட்டும் காரணம் காட்ட முடியாது, அந்த வருடம் தென் கரோலினா முழுக்கக் காற்று குடியரசுக் கட்சிப் பக்கம் வீசியது. ஆனால் முந்தைய தேர்தல் ஒரு புள்ளி சொச்சத்தில் முடிந்த இடம் இது என்பதையும் சேர்த்துப் பார்த்தால் அந்தச் சின்ன நகர்வு எவ்வளவு முக்கியம் என்று தெரியும்.

2024-ல் மேஸை எதிர்த்து நின்ற ஜனநாயகக் கட்சி வேட்பாளர் மைக்கேல் மூர், ராபர்ட் ஸ்மால்ஸின் கொள்ளுப்பேரனின் மகன். சுமார் 17 புள்ளியில் தோற்றார். மறுபடி மாறுமா என்றால், கடலைத் தொடுகிற ஒரு பெரிய உள்ளூர்ப் பிரச்சினையும் பலவீனமான எதிர்வேட்பாளரும் ஒரே வருடத்தில் சேர்ந்து வந்தால் வாய்ப்பு உண்டு, ஆனால் இந்த வரைபடம் இருக்கும்வரை நான் பந்தயம் கட்ட மாட்டேன்.